பிடித்த மீனை ஆற்றிலேயே விடும் தூண்டில்காரர்கள்: பிரிட்டன் ஆறுகளில் ஒரு நாள்

ஜூன் 15-ஆம் தேதி இரவு. இங்கிலாந்தின் டிரென்ட், செவர்ன் போன்ற ஆறுகளின் கரைகளில், தூண்டிலும் மடக்கு நாற்காலியுமாகப் பலர் வந்து அமர்கிறார்கள். பக்கத்தில் தேநீர்க் குடுவை. கண் கடிகாரத்தின் மேல். நள்ளிரவு தாண்டி 16-ஆம் தேதி பிறந்ததும் முதல் தூண்டில் நீரில் விழுகிறது. மூன்று மாதத் தடைக்காலம் அத்துடன் முடிகிறது.

இப்படி ஆவலோடு காத்திருந்து பிடிக்கும் மீனைப் பெரும்பாலோர் வீட்டுக்கு எடுத்துச் செல்வதில்லை. எடை பார்த்து, ஒரு படம் எடுத்துக்கொண்டு, திரும்பவும் ஆற்றிலேயே விட்டுவிடுகிறார்கள். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது விசித்திரமாகத் தோன்றலாம். ஆனால், அந்த ஆறுகளில் இன்னும் மீன் இருப்பதற்கு இந்தப் பழக்கமும் ஒரு காரணம்.

மீன்களிலும் மேல்தட்டு, கீழ்த்தட்டு

பிரிட்டனின் நன்னீர் மீன்களைத் தூண்டில்காரர்கள் இரண்டாகப் பிரிக்கிறார்கள். சால்மன், டிரவுட், கடலுக்குச் சென்று திரும்பும் கடல் டிரவுட் ஆகியவை ஒரு வகை. இவை நெடுங்காலமாகச் செல்வந்தர்களின் விளையாட்டுக்கும் விருந்துக்கும் உரிய மீன்களாகக் கருதப்பட்டன.

ரோச், சப், பார்பல், பிரீம், பெர்ச், பைக், கெண்டை போன்ற மற்றவை 'கோர்ஸ்' மீன்கள். மட்டமானவை, நயமற்றவை என்பது அச்சொல்லின் பொருள். பெயர் அப்படி இருந்தாலும் தொழிற்சாலை நகரங்களின் உழைக்கும் மக்கள் தலைமுறை தலைமுறையாக வார இறுதியில் தேடிச் சென்றது இந்த மீன்களைத்தான்.

இந்தப் பொழுதுபோக்கு பழமையானது. ஐசக் வால்டன் எழுதிய 'தி கம்ப்ளீட் ஆங்லர்' என்ற தூண்டில் நூல் 1653-இல் வெளிவந்தது. இன்றும் அது அச்சில் இருக்கிறது.

நாட்காட்டிதான் முதல் சட்டம்

கோர்ஸ் மீன்களுக்கு ஆறுகளில் தடைக்காலம் 1878-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் வந்தது. ஷெஃபீல்டு நகரின் நாடாளுமன்ற உறுப்பினர் முண்டெல்லாவின் பெயரால் அது அழைக்கப்படுகிறது. மீன்கள் முட்டையிடும் காலத்தில் அவற்றைத் தொந்தரவு செய்யக் கூடாது என்பதே நோக்கம். இன்றும் இங்கிலாந்து, வேல்ஸ் ஆறுகளில் மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை கோர்ஸ் மீன் பிடிக்கத் தடை உண்டு. தமிழகத்தின் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு விதிக்கப்படும் தடைக்காலத்தின் நோக்கமும் இதுவே.

டிரவுட்டுக்கும் சால்மனுக்கும் தனித்தனிக் காலங்கள் உள்ளன. அவை ஆற்றுக்கு ஆறு மாறும். ஸ்காட்லாந்தின் டே ஆற்றில் சால்மன் பருவம் ஜனவரி 15-இல் தொடங்குகிறது. கடுங்குளிரில் கென்மோர் கிராமத்தில் பைப் இசையுடன் ஊர்வலம் சென்று, படகின் மீது விஸ்கி தெளித்து பருவத்தைத் தொடங்கிவைப்பது வழக்கம். ட்வீட் ஆற்றில் பிப்ரவரி 1 முதல் நவம்பர் 30 வரை பிடிக்கலாம்.

உரிமம் இல்லாமல் தூண்டில் இல்லை

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 13 வயதும் அதற்கு மேலும் உள்ள எவரும் நன்னீரில் தூண்டில் போட உரிமம் வைத்திருக்க வேண்டும். 13 முதல் 16 வயதுவரை இது இலவசம். சால்மனுக்குத் தனி உரிமம் தேவை. சுற்றுலாப் பயணிகளுக்கும், அங்கு படிக்கும் வெளிநாட்டு மாணவர்களுக்கும் இதே சட்டம்தான்.

உரிமம் மட்டும் போதாது. கரையோர மீன்பிடி உரிமை நில உரிமையாளரிடமோ, சங்கத்திடமோ இருக்கும். அவர்களிடம் நாள் சீட்டு வாங்க வேண்டும். ஸ்காட்லாந்தில் நாடு தழுவிய உரிமம் கிடையாது. ஆனால் சால்மன் பிடிக்க, உரிமை உள்ளவரின் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அங்கே சால்மனுக்கும் கடல் டிரவுட்டுக்கும் தூண்டில் போடுவது குற்றம்.

டிரவுட்: பூச்சியைப் படித்தால் மீன் கிடைக்கும்

தெற்கு இங்கிலாந்தின் ஹாம்ப்ஷியரில் ஓடும் டெஸ்ட், இட்சன் ஆறுகள் டிரவுட்டுக்குப் பெயர்பெற்றவை. சுண்ணாம்புப் பாறைகளுக்கு அடியிலிருந்து ஊறி வருவதால் நீர் கண்ணாடிபோலத் தெளிவாக இருக்கும். உலகில் இத்தகைய சுண்ணாம்பு ஆறுகளில் பெரும்பாலானவை இங்கிலாந்தில்தான் உள்ளன.

இங்கே புழுவை மாட்டுவதில்லை. இறகும் நூலும் கட்டி உண்மையான பூச்சிபோலச் செய்த முள்ளை நீரின் மேல் மிதக்கவிடுகிறார்கள். கரையில் குனிந்து நின்று, எந்தப் பூச்சி நீரிலிருந்து வெளிவருகிறது, எந்த இடத்தில் மீன் வாய் திறக்கிறது என்று முதலில் கவனிக்க வேண்டும். மே மாத நடுவிலிருந்து ஜூன் தொடக்கம்வரை 'மேஃப்ளை' என்ற பெரிய பூச்சிகள் கூட்டமாக எழும்பும். அந்த நாட்களில் டிரவுட் எச்சரிக்கையை மறந்துவிடும் என்பதால், கற்றுக்குட்டிகளின் இரண்டு வாரம் என்று அதைக் கேலியாகச் சொல்வார்கள்.

சால்மன்: பசிக்காத மீனுக்கு ஒரு தூண்டில்

சால்மன் பிடிப்பதற்குப் பொறுமை அதிகம் வேண்டும். கடலில் வளர்ந்து, முட்டையிடுவதற்காகத் தான் பிறந்த ஆற்றுக்குத் திரும்பும் சால்மன், ஆற்றுக்குள் நுழைந்தபின் இரை தின்பதில்லை. அப்படியும் அது சில நேரம் தூண்டில் பூச்சியைக் கவ்வுகிறது. இடுப்பளவு நீரில் நின்று, மேலிருந்து கீழாக ஓரிரு அடி நகர்ந்து நகர்ந்து தூண்டிலை வீசுவார்கள். முதுகுப் பக்கம் மரங்கள் அடர்ந்த கரைகளில் வீசுவதற்கென உருவான முறைக்கு ஸ்பே ஆற்றின் பெயரே நிலைத்துவிட்டது. ஆற்றின் ஆழமும் மீன் தங்கும் இடமும் அறிந்த 'கில்லி' என்ற உள்ளூர் வழிகாட்டி உடன் இருப்பார். நாள் முழுவதும் வீசியும் ஒரு மீன்கூடத் தொடாமல் போவது இதில் சாதாரணம்.

பிரிட்டனில் தூண்டிலில் பிடிபட்ட சால்மன்களில் பெரியது என்ற சாதனை ஒரு பெண்ணுக்கு உரியது. 1922 அக்டோபர் 7 அன்று ஜார்ஜினா பாலன்டைன், டே ஆற்றில் தந்தை துடுப்புப் போட்ட படகிலிருந்து 64 பவுண்டு, அதாவது 29 கிலோ எடையுள்ள சால்மனைப் பிடித்தார். இரண்டு மணி நேரத்துக்கும் மேல் அந்தப் போராட்டம் நீடித்தது. நூறு ஆண்டுகள் கடந்தும் அந்தச் சாதனை முறியடிக்கப்படவில்லை.

கோர்ஸ் மீன்: தக்கை அசையும் வரை

கோர்ஸ் மீன்களுக்கு ஈப்புழு, ரொட்டி, சணல் விதை, டின்னில் வரும் இறைச்சி எல்லாமே இரைதான். முதலில் மாவுக் கலவையை உருண்டை பிடித்து நீரில் எறிந்து மீன்களைக் கூட்டுவார்கள். பிறகு தக்கை அமிழும்வரை காத்திருப்பார்கள். இவற்றில் பலரும் விரும்புவது பார்பல். வாயோரம் மீசை உள்ள இந்த மீன், மலேசியர்கள் அறிந்த கெலா மீன் சார்ந்த கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்தது. வேகமான நீரோட்டத்தில் தூண்டிலை வலுவாக இழுக்கும்.

விடுவதற்கும் ஒரு முறை உண்டு

மீனை விடுவதென்றால் தூக்கி எறிவது அல்ல. கொக்கியில் எதிர்முள் இல்லாமல் இருந்தால் கழற்றுவது எளிது. செதில் உரியாமலிருக்க முடிச்சில்லாத வலையில்தான் மீனை ஏந்த வேண்டும். முடிச்சுள்ள வலை இங்கிலாந்தில் சட்டவிரோதம். உலர்ந்த கை மீனின் மேலுள்ள வழவழப்பான பூச்சைத் துடைத்துவிடும் என்பதால், முதலில் கையை நனைத்துக்கொள்கிறார்கள். பிறகு, நீரோட்டத்தை நோக்கி மீனைத் தாங்கிப் பிடித்து, அது தானாக உதறிக்கொண்டு போகும்வரை காத்திருக்கிறார்கள். வெயில் காலத்தில் நீர் சூடாகிப் பிராணவாயு குறையும். அப்போது விடப்படும் மீனும் செத்துப்போகலாம் என்பதால் பலர் தூண்டிலையே எடுப்பதில்லை.

மீனுக்கு மட்டுமல்ல, பறவைக்கும் இங்கே இடம் உண்டு. தூண்டிலில் கட்டும் ஈயக் குண்டுகளை விழுங்கி அன்னப் பறவைகள் இறந்ததால், 1987-இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பெரும்பாலான அளவு ஈயக் குண்டுகள் தடை செய்யப்பட்டன. அதன்பின் அன்னப் பறவைகளின் எண்ணிக்கை மீண்டது.

ஏன் இவ்வளவு கவனம்?

காரணம், சால்மன் குறைந்துகொண்டே வருகிறது. சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2023 டிசம்பரில், பிரிட்டனின் அட்லாண்டிக் சால்மனை அழியும் ஆபத்திலுள்ள இனமாக வகைப்படுத்தியது. கடைகளில் சால்மன் குவிந்து கிடக்கிறதே என்று தோன்றலாம். சந்தைக்கு வரும் அட்லாண்டிக் சால்மனில் ஏறக்குறைய முழுவதும் பண்ணையில் வளர்ந்தது. ஆற்றில் பிறந்து, கடல் போய்த் திரும்பும் சால்மனின் கதை வேறு.

கடல் வெப்பமடைவது, ஆற்றின் குறுக்கே உள்ள தடுப்புகள், கழிவுநீர், வயல்களிலிருந்து வழியும் உரம், பண்ணைகளிலிருந்து பரவும் கடல் பேன் எனக் காரணங்கள் பல. இங்கிலாந்து-வேல்ஸ் எல்லையில் ஓடும் வை ஆறு ஒரு காலத்தில் சால்மனுக்குப் புகழ்பெற்றது. அதன் படுகையில் பெருகிய கோழிப் பண்ணைகளின் எருவிலிருந்து சேரும் பாஸ்பரஸால் பாசி படர்ந்து, நீர்த்தாவரங்கள் அழிந்தன. 2023-இல் அந்த ஆற்றின் நிலை மேலும் மோசமாகியிருப்பதாக அரசு அமைப்பே அறிவித்தது.

சட்டமும் அதற்கேற்ப இறுகியது. தூண்டிலில் பிடித்த சால்மனை விற்பது ஸ்காட்லாந்தில் 2002 முதலும், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2009 முதலும் தடை செய்யப்பட்டுள்ளது. இங்கிலாந்தில் ஜூன் 16-க்கு முன் பிடிபடும் சால்மனை விட்டுவிட வேண்டும். வேல்ஸில் 2020 முதல் ஆண்டு முழுவதும் எல்லா சால்மனையும் விட்டுவிட வேண்டும். ஸ்காட்லாந்தில் ஆறுகளை ஆண்டுதோறும் தரம் பிரித்து, மீன் குறைந்த ஆறுகளில் கட்டாய விடுவிப்பை அமல்படுத்துகிறார்கள். சட்டம் கட்டாயப்படுத்தாத இடங்களிலும் பெரும்பாலோர் தாமாகவே விடுகிறார்கள்.

தூண்டில்காரர்கள் சிலர் இப்போது தண்ணீர் மாதிரி எடுத்துப் பரிசோதிக்கவும் செய்கிறார்கள். ஸ்காட்லாந்தின் டீ ஆற்றுப் படுகையில், நீருக்கு நிழல் தருவதற்காகப் பத்து லட்சம் மரங்கள் நடும் திட்டம் நடக்கிறது.

நீலகிரிக்கும் வந்த டிரவுட்

பிரிட்டிஷாரின் இந்த மோகம் தமிழ் மண்ணையும் தொட்டது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நீலகிரியின் குளிர்ந்த ஓடைகளில் வானவில் டிரவுட் விடப்பட்டது. அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகமும் அமைக்கப்பட்டது. இலங்கையின் நுவரெலியா மலைப்பகுதிக்கும் டிரவுட் இப்படித்தான் வந்து சேர்ந்தது.

பூஜ்யமும் கணக்கில் சேரும்

பருவம் முடிந்ததும் இங்கிலாந்தில் சால்மன் உரிமம் பெற்றவர்கள் எத்தனை நாள் தூண்டில் போட்டார்கள், எத்தனை மீன் பிடித்தார்கள், எத்தனை விட்டார்கள் என்று அரசுக்குக் கணக்கு அனுப்ப வேண்டும். ஒரு மீனும் கிடைக்காதவர்களும் பூஜ்யம் என்று எழுதி அனுப்ப வேண்டும். அந்தக் கணக்குகளையும் வைத்துத்தான் எந்த ஆற்றில் எவ்வளவு சால்மன் மிஞ்சியிருக்கிறது, அடுத்த ஆண்டு விதியை எப்படி அமைப்பது என்று அதிகாரிகள் தீர்மானிக்கிறார்கள். வெறுங்கையோடு வீடு திரும்பிய நாளும் அந்தக் கணக்கில் சேர்கிறது.