ஐந்து விநாடித் தாமதம்

வட சென்னையின் மூத்த தலைமுறையினருக்கு ஸ்டான்லி மருத்துவமனை 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி'தான். 1782-ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்தில் வேர்கொண்ட பெயர் அது. ராயபுரத்தை ஒட்டிப் பழைய ஜெயில் ரோட்டில் இருக்கும் அந்த வளாகம் 1938-இல் மருத்துவக் கல்லூரியானது. அங்கே படித்து வெளியேறியவர்களில் ஒருவர் நரம்பியல் அறிஞர் வி.எஸ். ராமச்சந்திரன். வெட்டி எடுக்கப்பட்ட கையில் வலிக்கிறது என்று துடித்தவர்களுக்கு ஒரு பெட்டியையும் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியையும் வைத்துக்கொண்டு நிவாரணம் காட்டியவர்; ஆய்வுக் கருவிகள் எளிமையாக இருக்க வேண்டும் என்ற பிடிவாதம் உள்ளவர். அவருடைய பெயரும் 2005-இல் ஒரு எஃப்.எம்.ஆர்.ஐ. ஆய்வில் இடம்பெற்றது. எழுத்தைப் பார்த்தால் நிறம் தெரிகிறது என்று சொல்பவர்களின் மூளையில் நிறத்துக்குரிய பகுதி மெய்யாகவே விழித்துக்கொள்கிறதா என்பது கேள்வி. ஆம் என்றது அந்தக் கட்டுரை. 2012-இல் பிரான்சில் ஒரு குழு அதையே தேடிப் பார்த்துவிட்டு, அப்படி எதுவும் தென்படவில்லை என்றது.

யார் சொன்னது சரி என்பதற்குள் நான் நுழையப் போவதில்லை. அந்த 2005 கட்டுரையில் ராமச்சந்திரனோடு கையெழுத்திட்டிருந்த ஜெஃப்ரி பாய்ன்டன் என்பவர்தான் எனக்கு இங்கே முக்கியம். எஃப்.எம்.ஆர்.ஐ. படங்களில் சிவப்பும் மஞ்சளுமாக ஒளிரும் புள்ளிகளுக்குப் பின்னால் ஒரு வளைவு இருக்கிறது. அதை ஒழுங்காக அளந்து சொன்ன முன்னோடிகளில் அவர் ஒருவர். பத்திரிகைகள் 'காதல் மூளையில் இங்கே இருக்கிறது', 'பக்தி அங்கே இருக்கிறது' என்று படம் போடும்போது இந்த வளைவைப் பற்றி மூச்சு விடுவதில்லை. அந்தக் கருவி நினைப்பை அளப்பதே இல்லை. நினைப்புக்குப் பின்னால் வந்து சேரும் ரத்தத்தை அளக்கிறது. ரத்தத்திலிருந்து நினைப்புக்குப் பின்னோக்கி நடக்க உதவும் பாலம்தான் அந்த வளைவு. அது ஒரு மதிப்பீடு. யாருடைய உடலிலிருந்து எடுத்த மதிப்பீடு என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

கதை பழையது. இத்தாலியின் டூரின் நகரத்தில் ஆஞ்சலோ மோஸ்ஸோ என்ற உடலியங்கியலாளர் 1870-களின் பிற்பகுதியில் பெர்டினோ என்ற விவசாயியை ஆராய்ந்தார். மண்டையோட்டில் காயம் பட்டு ஏற்பட்ட திறப்பின் வழியாக மூளையின் துடிப்பைக் கருவியில் பதிவுசெய்ய முடிந்தது. தேவாலய மணி அடித்ததும் மூளையின் துடிப்பு உயர்ந்தது. கையின் நாடி அப்படியே இருந்தது. எட்டைப் பன்னிரண்டால் பெருக்கச் சொன்னபோதும் அதே கதை. பிறகு மோஸ்ஸோ மனிதனைப் படுக்கவைக்கும் தராசு ஒன்றையே செய்தார். யோசித்தால் தலைப்பக்கம் தாழும் என்பது எதிர்பார்ப்பு. 1890-இல் ராயும் ஷெரிங்டனும், மூளை தன் வேலைக்கேற்பத் தன் ரத்த ஓட்டத்தைத் தானே திருத்திக்கொள்கிறது என்று எழுதினார்கள். அந்தக் கருத்து பல ஆண்டுகள் மதிப்பின்றிக் கிடந்தது. 1928-இல் ஜான் ஃபுல்டன் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார். மூளையின் பின்புறத்து ரத்தநாளங்கள் சிக்கலாகப் பின்னிக் கிடந்ததால் அவர் தலையில் ஓர் இரைச்சல் கேட்டுக்கொண்டே இருந்தது. அவர் படிக்கத் தொடங்கினால் அந்த இரைச்சல் கூடும்! இன்றைய கோடிக்கணக்கான ரூபாய் இயந்திரம் சொல்வதை அன்று ஒரு ஸ்டெதாஸ்கோப் சொல்லியிருக்கிறது.

இடையில் ஒரு முட்டுக்கட்டை. மூளை முழுவதற்குமான ரத்த ஓட்டத்தை அளக்கும் முறையை 1940-களில் கெட்டியும் ஷ்மிட்டும் உருவாக்கினார்கள். 1955-இல் அந்த முறையைக் கொண்டு மனக்கணக்கு போடுபவர்களைச் சோதித்தபோது, மொத்த ஓட்டத்தில் மாற்றமே இல்லை. காரணம் எளிது: ஒரு தெருவில் விழா நடந்தால் நகரத்தின் மொத்த நீர்ச்செலவில் அது தெரியாது. தெருத் தெருவாக அளக்கக் கருவிகள் வர வேண்டியிருந்தது.

வந்தபோது ஒரு வியப்பும் கூடவே வந்தது. 1986-இல் ஃபாக்ஸும் ரெய்க்லும் விரல்களுக்கு அதிர்வு கொடுத்து, அதற்குரிய மூளைப் பகுதியை அளந்தார்கள். ரத்த ஓட்டம் 29 சதவீதம் கூடியது. ஆக்ஸிஜன் செலவோ 5 சதவீதம்தான் கூடியது. திருவொற்றியூர்வாசிகளுக்கு இதை விளக்கவே வேண்டாம். 2019 கோடையில் தண்ணீருக்குச் சொல்லிவிட்டுக் காத்திருந்தவர்களுக்குத் தெரியும்: லாரி உடனே வராது, வந்தால் இருக்கும் குடங்களெல்லாம் நிரம்பி மிச்சம் தெருவில் ஓடும். ஈரமான தெருவைப் பார்த்து, யார் வீட்டில் எப்போது தண்ணீர் தீர்ந்தது என்று கணிப்பதுபோன்றது எஃப்.எம்.ஆர்.ஐ.

அந்த 'மிச்சம்'தான் கருவிக்குத் தெரிகிறது. ஆக்ஸிஜனை இழந்த ஹீமோகுளோபின் காந்தப்புலத்தைச் சற்றே குலைக்கும், ஆக்ஸிஜன் ஏறியது குலைக்காது என்பதை 1936-இலேயே பாலிங்கும் கோரியெல்லும் கண்டிருந்தார்கள். 1990-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் செய்ஜி ஒகாவா எலிகளின் மூளைப் படங்களில் ரத்தநாளங்கள் கறுப்புக் கோடுகளாகத் தெரிவதையும், ஆக்ஸிஜன் கொடுத்தால் அவை மறைவதையும் காட்டினார். 1992-இல் மூன்று குழுக்கள் மனிதரில் அதைச் செய்து காட்டின.

வேலை செய்யும் பகுதிக்குத் தேவைக்கு மேல் புது ரத்தம் வருவதால் அங்கே சமிக்ஞை உயர்கிறது. உயர்வு மிகச் சிறியது, பெரும்பாலும் ஓரிரு சதவீதம். உடனே வருவதுமில்லை. நரம்பணுக்களின் வேலை ஆயிரத்தில் சில பங்கு விநாடிகளில் முடிந்துபோகும்; சமிக்ஞை ஓரிரு விநாடிகளுக்குப் பின் கிளம்பி, ஐந்து ஆறு விநாடிகளில் உச்சம் தொட்டு, பழைய நிலைக்குக் கீழே சற்று இறங்கி, மெல்ல மீள்கிறது. 1996-இல் பாய்ன்டனும் சகாக்களும் பார்வைப் பகுதியில் இதை அளந்து, சிறிய தூண்டல்களின் வளைவுகளைக் கூட்டினால் நீண்ட தூண்டலின் வளைவு ஏறக்குறைய கிடைத்துவிடுகிறது என்று காட்டினார்கள். இந்தக் கூட்டல் செல்லும் என்பதால்தான் அடுத்தடுத்து வரும் நிகழ்வுகளையும் பிரித்தறிய முடிகிறது. லண்டனில் உருவாகி உலகெங்கும் பரவிய கணிப்பு மென்பொருளில் ஒரு 'நியம' வளைவு வைக்கப்பட்டது. 32 விநாடி நீளம், ஒரு மேடு, ஒரு பள்ளம். ஆய்வாளர் வேறு ஏற்பாடு செய்யாவிட்டால் எல்லோருக்கும் அதே சட்டைதான்.

சட்டை எல்லோருக்கும் பொருந்தாது என்பது சீக்கிரமே தெரிந்துவிட்டது. 1998-இல் அகிர்ரே, ஸராஹ்ன், டெஸ்பொசிட்டோ மூவரும் ஒரே மனிதரின் வளைவு நாளுக்கு நாள் மாறுவதைவிட ஆளுக்கு ஆள் மாறுவது அதிகம் என்று காட்டினார்கள். மூளைக்குள்ளேயே பகுதிக்குப் பகுதியும் மாறும். முதுமையில் மாறும், பக்கவாதத்துக்குப் பின் மாறும். காபி குடித்தால்கூட மூளையின் ரத்தநாளங்கள் சுருங்கி வளைவின் வேகம் மாறுகிறது (காலை டிகிரி காபி இல்லாமல் ஆய்வுக்கூடத்துக்கு வரச் சொன்னால் நம்மவர்கள் எத்தனை பேர் வருவார்கள் என்பது தனிக் கேள்வி). 2018-இல் ரங்கபிரகாஷ், கோபிகிருஷ்ண தேஷ்பாண்டே முதலியோர், சும்மா படுத்திருப்பவர்களின் மூளைப் பகுதிகளுக்கிடையே தெரியும் 'தொடர்பு'களில் ஒரு பகுதி இந்த வளைவு வேறுபாட்டால் விளையும் பிழை என்று எழுதினார்கள். நோயாளிகளையும் நலமானவர்களையும் ஒப்பிடும் ஆய்வில் இது பயங்கரமான செய்தி. நோய் நினைப்பை மாற்றியதா, ரத்தநாளத்தை மாற்றியதா?

நம் பக்கத்துக் கேள்வி இன்னும் கூர்மையானது. சமிக்ஞையின் மூலப்பொருள் ஹீமோகுளோபின். ரத்தத்தில் சிவப்பணுக்களின் விகிதம் குறைந்தால் சமிக்ஞையும் மாறும் என்று 2001-லேயே அளந்து காட்டியிருக்கிறார்கள். 2019-21-இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையான பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. எண்ணூரில் மீன் விற்கும் ஒரு பெண்ணை இந்தக் கருவிக்குள் படுக்கவைத்து, நியம வளைவைப் போட்டுப் பார்த்து, 'இந்தப் பகுதி மந்தமாக வேலை செய்கிறது' என்று அறிக்கை எழுதினால், மந்தமானது மூளையா, ரத்தமா என்று அறிக்கையில் தெரியாது.

வழி இல்லாமல் இல்லை. வளைவின் வடிவத்தை முன்கூட்டி நிச்சயிக்காமல் ஒவ்வொரு விநாடியின் உயரத்தையும் தனித்தனியே மதிப்பிடலாம். ஆனால் மதிப்பிட வேண்டிய எண்கள் பெருகுவதால் இரைச்சலும் பெருகும், படுத்திருக்கும் நேரமும் நீளும். இன்னொன்று எனக்கு மிகவும் பிடித்தது. கருவிக்குள் இருப்பவரைப் பதினைந்து இருபது விநாடி மூச்சடக்கச் சொல்கிறார்கள். ரத்தத்தில் கரியமிலவாயு கூடி நாளங்கள் விரிகின்றன. புதிதாக எதையும் நினைக்காமலே சமிக்ஞை உயர்கிறது. இந்த மனிதரின் நாளங்கள் எவ்வளவு விரியும் என்ற கணக்கு அதில் கிடைத்துவிடும். அதற்குப் பிறகு படத்தைக் காட்டலாம், கேள்வியைக் கேட்கலாம்.