மன்னிப்பா, மறுதீர்ப்பா? ஆளுநர் ஆல்ட்கெல்டின் 1893ஆம் ஆண்டு ஆணை

1. ஆய்வின் எல்லை

அமெரிக்க மாநில ஆளுநர், நம் நாட்டு ஆளுநரைப் போல மேலிருந்து நியமிக்கப்படுபவர் அல்லர்; மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் ஆட்சித் தலைவர். இல்லினாய் மாநிலத்தை 1893 முதல் 1897 வரை ஆண்ட ஜான் பீட்டர் ஆல்ட்கெல்டு, சிறையிலிருந்த மூவரை விடுதலை செய்தார். விடுதலையைவிட, அதற்கு அவர் எழுதிவைத்த காரணங்களே பெரியவை என்பது என் துணிபு.

2. உருவான வழி

1847 டிசம்பர் 30 அன்று ஜெர்மனியில் பிறந்தவர். கைக்குழந்தையாக ஒஹையோவுக்கு வந்தார். பதினாறு வயதில் உள்நாட்டுப் போரில் வடபுலப் படையில் சேர்ந்தார். பின்னர் பள்ளியில் பாடம் சொன்னார், ரயில் பாதை போடும் வேலைக்குப் போனார், மிசௌரியில் சட்டம் பயின்று வழக்கறிஞரானார். 1875இல் சிகாகோ வந்து, நிலத்திலும் கட்டடத்திலும் பெரும்பொருள் ஈட்டினார்.

பொருள் சேர்ந்துகொண்டிருந்த அந்த நாளிலேயே, 1884இல், தண்டனை இயந்திரத்தையும் அதற்குப் பலியாவோரையும் பற்றி ஒரு சிறுநூல் எழுதினார். சிறைக்கு வருவோர் பெரும்பாலும் ஏழைகள், ஆதரவற்றவர்கள். சிறை அவர்களைத் திருத்தவில்லை, மேலும் கெடுக்கிறது என்பது அதன் வாதம். ஒஹையோவின் சிற்றூர் ஒன்றில் அதைப் படித்து மனம் பறிகொடுத்த இளம் வழக்கறிஞர்தான் கிளாரன்ஸ் டாரோ.

3. வழக்கு

1886 மே 4 இரவு, எட்டு மணி நேர வேலை கேட்ட போராட்டத்தின் கொந்தளிப்புக்கு நடுவே, சிகாகோ ஹேமார்க்கெட் கூட்டத்தைக் கலைக்க வந்த காவலர்மீது குண்டு விழுந்தது. காவலர் எழுவர் இறந்தனர். வீசியவர் யார் என்பது கடைசிவரை தெரியவில்லை. எட்டுப் பேர் தண்டிக்கப்பட்டனர். 1887 நவம்பர் 11 அன்று நால்வர் தூக்கிலிடப்பட்டனர். அதற்கு முந்தைய நாள் ஒருவர் சிறையறையில் உயிரை மாய்த்துக்கொண்டார். ஃபீல்டன், ஷ்வாப் இருவருக்கும் தூக்கு, ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டது. நீபிக்குப் பதினைந்து ஆண்டு.

மே நாள் மேடைகளில் இன்றும் அந்த நால்வரின் பெயர் ஒலிக்கிறது. எஞ்சிய மூவரை மீட்டவரின் பெயரும் அங்கே ஒலிக்க வேண்டும்.

4. ஆணை

மூவரையும் விடச் சொல்லிச் சிகாகோவில் பலர் மனுக் கொடுத்திருந்தனர். பட்டது போதும், இரக்கம் காட்டுங்கள் என்பதே பலரது வேண்டுகோள். இரண்டு வரியில் இரக்கம் காட்டியிருந்தால் கதை அதோடு முடிந்திருக்கும்.

ஆல்ட்கெல்டு அந்த வழியை மறுத்தார். விசாரணை நேர்மையாக நடந்து, குற்றமும் உண்மையானால், ஆளுநர் தலையிடவே கூடாது என்று முதலில் வரையறுத்தார். பிறகு ஒரு மேல்முறையீட்டு நீதிபதியைப் போல ஆவணங்களைப் பிரித்து வைத்தார். ஜூரிகளை வழக்கமான குலுக்கலில் எடுக்காமல், நீதிமன்றச் சிறப்பு அலுவலர் ஒருவரை அனுப்பிப் பொறுக்கி எடுத்தார்கள். முன்பே மனத்தில் முடிவு கட்டிவிட்டோம் என்று ஒப்புக்கொண்டவர்களையும் வழக்கை விசாரித்த நீதிபதி கேரி தகுதியுள்ளவர் என ஏற்றார். குண்டு வீசியவரே யாரென்று தெரியாதபோது, இவர்கள் பேச்சைக் கேட்டுத்தான் அவர் வீசினார் என்று எப்படி நிறுவுவது? இந்தக் கேள்விக்கு வழக்கில் விடை இல்லை. நீதிபதியின் பாரபட்சத்தையும் ஆல்ட்கெல்டு மறைக்காமல் எழுதினார்.

1893 ஜூன் 26 அன்று ஆணை வெளியானது. விடுதலைப் பத்திரங்களை ஓசையின்றித் தயாரித்துக் கொடுத்தவர், ஸ்பிரிங்ஃபீல்டு தலைமைச் செயலகத்தின் இளம் எழுத்தர் பிராண்ட் விட்லாக். பிற்காலத்தில் டொலீடோ நகர மேயர். கையெழுத்திட்ட கணத்தில் தம் அரசியல் வாழ்வு என்னவாகும் என்று ஆல்ட்கெல்டுக்குத் தெரிந்தே இருந்தது.

5. விலை

மன்னிப்பைப் பொறுத்திருக்கக்கூடிய பத்திரிகைகளும் அந்தக் காரணங்களைப் பொறுக்கவில்லை. அராஜகவாதி என்று அவரைத் தூற்றின. அவரோ தம் வழியை மாற்றவில்லை. அதே 1893இல் குழந்தை உழைப்பைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது; தலைமைத் தொழிற்சாலை ஆய்வாளராக ஃபுளோரன்ஸ் கெல்லியை அமர்த்தினார். 1894இல் ரயில் தொழிலாளர் நடத்திய புல்மன் வேலைநிறுத்தத்தில், மாநிலம் கேளாமலே குடியரசுத் தலைவர் கிளீவ்லாண்ட் படை அனுப்பியதை எதிர்த்து எழுதினார். 1896 தேர்தலில் தோற்றார், செல்வமும் கரைந்தது.

1902 மார்ச் 11 அன்று ஜோலியட் நகரில், பிரிட்டனை எதிர்த்துப் போரிட்ட தென்னாப்பிரிக்கப் போயர்களுக்காகப் பேசி முடித்ததும் சாய்ந்தார்; மறுநாள் உயிர் பிரிந்தது. மூவர் விடுதலையாகி வெளியே வந்த சிறை அந்த ஊரில்தான் இருந்தது. இறுதிச் சடங்கில் உரையாற்றியவர்களுள் டாரோவும் ஒருவர்.