மாற்றுத் துணி

‘கந்தையானாலும் கசக்கிக் கட்டு’ என்பது நம்மவர் நாவில் நெடுங்காலமாக வழங்கும் பழமொழி. வறுமையிலும் தூய்மை வேண்டும் என்பதே அதன் கருத்தென்று பள்ளிப் பிள்ளைகளுக்குப் போதிக்கிறோம். ஆனால், அப்பழமொழி சொல்லாமல் விட்ட ஒரு நிபந்தனை உண்டு. கந்தையைக் கசக்கிப் பிழிந்து உலர்த்தும் நேரத்தில் உடுத்திக்கொள்ள இன்னொரு கந்தை வேண்டும். அந்த இரண்டாவது கந்தை இல்லாதவன் எதைக் கசக்குவது, எதைக் கட்டுவது? மலாயாத் தோட்டத் தமிழரிற் பெரும்பாலோர் இவ்வினாவுக்கு விடையின்றித் தவித்த காலம் மூன்றரை ஆண்டுகள். 1942 முதல் 1945 வரை நடந்த ஜப்பானியர் ஆட்சியைக் குறித்துப் போர்க்கதைகள் பல எழுதப்பட்டுள்ளன. துணிக்கதையோ பெரும்பாலும் பாட்டிமாரின் வாய்மொழியிலேயே தங்கி நிற்கிறது. அதனைச் சற்று ஆராய்வோம்.

முதற்கண் ஒரு பழஞ்செய்தியை நினைவிற் கொள்ளல் வேண்டும். இத்தீபகற்பத்துக்குப் பல நூற்றாண்டுகள் துணி கொடுத்தது நம் சோழமண்டலக் கரை. 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாக்காவில் இருந்த போர்த்துக்கேசியராகிய தோமே பிரெஸ், அக்கரையினின்று வந்திறங்கிய துணிகளைப் பற்றி எழுதியுள்ளார். மலாய் ஆடவர் இன்றும் விரும்பி உடுத்தும் கட்டம் போட்ட கைலிக்குப் ‘பெலிக்காட்’ என்று பெயர். அது சென்னைக்கு வடக்கேயுள்ள பழவேற்காட்டின் பெயர் திரிந்த உருவமே. 1786-இல் பிரான்சிஸ் லைட் பினாங்கில் ஆங்கிலக் கொடியை ஏற்றிய பின்னர், அங்கு வந்து குடியேறிய தமிழ் முஸ்லிம் வணிகர் விற்ற சரக்குகளிலும் துணி முக்கியமானது.

பின்னர் மான்செஸ்டர் ஆலைத் துணி வந்தது. நம் தறிகளில் பல ஓய்ந்தன. அதன்பின் ஜப்பானின் மலிவுத் துணி வந்தது. ஏழைகள் அதனை வாங்கி உடுத்தினர். 1934-இல் ஆங்கில அரசு ஜப்பானியத் துணிக்கு அளவு வரம்பு விதித்தது. லங்காஷயர் ஆலைகளைக் காப்பதற்கென்று விதித்த அவ்வரம்பின் சுமை, கூலிக்கு உழைப்போர் தலையிலும் விழுந்தது. இவ்வாறு, துணி எந்நாட்டினின்று வருவதென்பதை அயலாரே தீர்மானித்து வந்தனர். மலாயாவில் ரப்பரும் ஈயமும் மலைமலையாய் விளைந்தன. மக்களுக்கு உடை கொடுக்கத்தக்க நூலாலை எழவில்லை.

1941 டிசம்பர் 8-ஆம் நாள் ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கினர். 11-ஆம் நாள் பினாங்கின்மேல் குண்டுகள் விழுந்தன, கடைகள் எரிந்தன, எஞ்சியவை சூறையாடப்பட்டன. 19-ஆம் நாள் நகரம் ஜப்பானியர் கைப்பட்டது. துணி ஏற்றி வந்த கப்பல்கள் அன்றோடு நின்றன. இந்தியாவும் இங்கிலாந்தும் எதிரி நாடுகளாயின. ஜப்பானே துணி தரலாகாதோ எனின், அதன் ஆலைகள் நம்பியிருந்தது இந்தியா, அமெரிக்கா, எகிப்து ஆகிய நாடுகளின் பஞ்சை. அவ்வழிகளும் அடைபட்டன. மேலும், அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பல்கள் ஜப்பானியச் சரக்குக் கப்பல்களை ஒவ்வொன்றாய்க் கடலடிக்கு அனுப்பின. ஜப்பானில் உள்ளோருக்கே 1942 முதல் உடை பங்கீடாயிற்று. அங்ஙனமாயின் தோட்டத்துக் கூலிக்கு மிஞ்சுவது யாது?

எங்கள் கெப்பாலா பத்தாஸ் மூடா ஆற்றுக்குத் தெற்கே அமைந்த ஊர். ஆற்றுக்கு அப்பாலுள்ள கெடா நாட்டை 1943 அக்டோபரில் ஜப்பானியர் சயாமுக்குக் கொடுத்தனர். ஆற்றின் இருகரையிலும் இரு வேறு ஆட்சிகள். துணியோ இரு கரையிலும் இல்லை. ரப்பர் வாங்குவோர் இல்லாமையால் பால்வெட்டு நின்றது. வெட்டுக்கத்தி பிடித்த கைகள் மரவள்ளி நடக் காடழித்தன. காட்டு வேலையில் துணி விரைவில் கிழியும். கிழிந்ததற்கு ஈடாக வாங்கப் புதுத்துணி இல்லை. இருந்த சிறிதும் கள்ளச் சந்தையில் கைக்கெட்டாத விலைக்கு விற்றது. ஜப்பானியர் அச்சிட்ட வாழைமர நோட்டோ நாளுக்கு நாள் மதிப்பிழந்தது.

அக்காலத்தில் பெண்டிர் செய்த தையலைக் கைவேலை என்று மட்டும் சொல்வது போதாது. அது குடும்பத்தின் மானத்தைக் காத்த தொழில். பழஞ்சேலை நடுவில் இற்றுப்போம். ஓரங்கள் உறுதியாய் நிற்கும். இற்ற நடுவை நீக்கி, இரு சேலைகளின் நல்ல பாகங்களை மூட்டி ஒரு சேலை ஆக்கினர். ஒட்டுப் போடுவதிலும் ஒரு நுட்பம் உண்டு. பழந்துணிக்குப் பழந்துணியே ஒட்டாக வேண்டும். புதுத்துணியை ஒட்டினால் அது தான் நின்று, சுற்றியுள்ள இற்ற பாகத்தை இழுத்துக் கிழித்துவிடும். நூல் கிட்டாதபோது அன்னாசி இலையின் நாரைக் கீறி உலர்த்தித் திரித்தனர். மாவுப் பைகள் குழந்தைகளின் சட்டைகளாயின. லயம் முழுவதற்கும் ஓர் ஊசியே வீடு வீடாய்க் கைமாறிய கதையை முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். பெட்டியடியில் பொன்போற் காத்த கூறைச் சேலையும் வெளியே வந்தது. முதலில் உடுக்கவும், பின்னர் வெட்டிப் பிள்ளைகளுக்குத் தைக்கவும், இறுதியில் பிறவற்றுக்கு ஒட்டுப் போடவும் அது பயன்பட்டதென்பர்.

இவையெல்லாம் தீர்ந்தபின் சாக்கு வந்தது. அடியில் தலைக்கொரு துளையும் பக்கங்களில் கைக்கிரு துளைகளும் வெட்டினால் சட்டை. இடுப்பிற் சுற்றினால் கைலி. சணல் உடலை அறுத்தது. சொறியும் புண்ணும் பெருகின. அந்தச் சாக்கும் இந்நாட்டுப் பொருளன்று. வங்காளத்துச் சணலில் நெய்து, பர்மாவின் அரிசியைச் சுமந்து, போருக்கு முன்னே இங்கு வந்தது அது. இத்தீபகற்பத்துக்குத் துணி கொடுத்த கரையின் மக்கள், அரிசி வந்த சாக்கை உடுத்தி நின்றனர்!

சயாம்–பர்மா ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டவரின் நிலை இதனினும் கொடிது. ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதை 1943 அக்டோபரில் இணைந்தது. மலாயாத் தோட்டங்களினின்று பல்லாயிரம் தமிழர் அங்குச் சென்றனர். கட்டிய துணியோடு சென்றவர்க்கு அத்துணியே மழைக்கும் குளிருக்கும் போர்வை. மாண்டபின் பிணத்தை மூடவும் அதுவே. திரும்பாதவர் தொகை மிகப் பெரிது.

இவ்விடத்தில் இங்கிலாந்தை ஒப்பிட்டுப் பார்த்தல் தகும். அங்கும் துணிப் பஞ்சம் இருந்தது. 1941 ஜூன் 1-ஆம் நாள் உடைப் பங்கீடு தொடங்கிற்று. முதலாண்டில் ஆளுக்கு 66 கூப்பன்கள். கிழிந்ததைத் தைத்து உடுத்தும் வகையை விளக்கி 1943-இல் அரசே கையேடு அச்சிட்டு வழங்கிற்று. அமைச்சனும் கூலியும் ஒரே கணக்கில் நின்றமையால் ஒட்டுப் போட்ட உடை அங்கு இழிவாகக் கருதப்படவில்லை. இங்கோ பங்கீடு பெயரளவில் நின்றது. ஒட்டுப் போடக் கையேடு தந்தவர் எவருமிலர். எனினும், எழுதப் படிக்க அறியாத நம் பாட்டிமார் அக்கையேட்டின் பாடங்களைத் தாமே கண்டு தாமே நடத்தினர்.

இன்னொன்றும் கூறல் வேண்டும். போருக்கு முன்னர்த் தோட்டத்தில் உடையே தரத்தைக் காட்டும் அடையாளம். வெள்ளைக் கால்சட்டை அணிந்தவர் கிராணி; தலைப்பாகையும் கோட்டும் உடையவர் கங்காணி; ரப்பர்ப் பால் படிந்து கறுத்த துணி கூலியுடையது. மூன்றாண்டுப் பஞ்சத்தில் கிராணியின் கால்சட்டைக்கும் முழங்காலில் ஒட்டு விழுந்தது. துணி போனபோது அதன்மேல் ஏற்றிய உயர்வு தாழ்வும் ஓரளவு போயிற்று. ஆனால் 1945 செப்டம்பரில் ஆங்கிலேயர் திரும்பியபின், துணி மெல்ல மெல்ல வந்தது. தரமும் உடன் திரும்பிற்று. அப்பஞ்சம் கற்பித்த பாடங்களுள் நாம் முதலில் மறந்தது இதுதான். கிராணி வேலை பார்க்கும் நாம் இதனைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

இன்று பினாங்குக் கடைத்தெருவில் சேலைகள் மலைபோற் குவிந்து கிடக்கின்றன. ஒரு தையல் விட்டால் எறிந்துவிட்டு வேறு வாங்குகிறோம். அதனைக் குற்றம் சொல்ல நாம் வரவில்லை. மாற்றுத் துணி இருப்பதே மனிதனுக்கு மதிப்பு. நாம் வேண்டுவது ஒன்றே. 1943-இல் பத்து வயதுச் சிறுமியாயிருந்தவர் இன்று தொண்ணூறைக் கடந்தவர். அத்தகையோர் உங்கள் வீட்டிலோ அண்டையிலோ இருப்பின், சாக்குத் துணியின் கதையைக் கேட்டு எழுதி வையுங்கள். பழம் பெட்டியில் ஒட்டுப் போட்ட சேலை கிடந்தால் எறியாதீர்கள். அதன் ஒவ்வொரு தையலும் எழுத்தறியாதார் எழுதிய சரித்திரம். அதனைப் படிக்க வேண்டியவர் நாம்.