மருந்து அடிக்கலாமா, வேண்டாமா? ஒரு பிரெஞ்சு ஒயின் தோட்டத்துக்கு இரண்டு முறை வந்த சோதனை!

2007-ம் வருஷக் கோடைக்காலம். பிரான்ஸின் தென்மேற்கில் இருக்கும் போர்டோ பகுதியில், வெயில் காய வேண்டிய நேரத்தில் மழையும் ஈரமுமாக இருந்தது. போயாக் என்ற சின்ன ஊரில், சுமார் 200 ஏக்கர் திராட்சைத் தோட்டத்தின் உரிமையாளர் ஒரு முடிவெடுக்க வேண்டிய கட்டாயம். கொடியில் பூஞ்சண நோய் பரவுகிறது. ரசாயன மருந்து அடித்தால் திராட்சை பிழைக்கும். ஆனால், ரசாயனமே வேண்டாம் என்று சில வருஷங்களாகப் பொத்திப் பொத்திப் பழக்கிய நிலம் அது. ஒரே ஒருமுறை அடித்தாலும், இயற்கை விவசாயச் சான்றிதழுக்கான கணக்கு மறுபடி பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கும்.

நீங்க அந்த இடத்துல இருந்தா என்ன செஞ்சிருப்பீங்க?

பதிலை மனசுல வெச்சுக்கோங்க. அவர் என்ன செஞ்சார்னு அப்புறம் சொல்றேன். (அதுக்கு முன்னாடி ஒரு விஷயம்... இது ஒயின் குடிக்கச் சொல்ற கட்டுரை இல்லீங்க. மது உடம்புக்குக் கேடுதான், அதுல மாற்றுக்கருத்து இல்லை. இது ஒரு விவசாயக் கதை.)

1855-ல் வாங்கிய மார்க்

தோட்டத்தின் பெயர் ஷத்தோ பொந்தே-கானே. 'ஷத்தோ' என்றால் பிரெஞ்சில் கோட்டை, மாளிகை என்று பொருள். போர்டோவில் ஒயின் தயாரிக்கும் எஸ்டேட்டையே அப்படித்தான் சொல்கிறார்கள். 18-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மெதோக் வட்டாரத்தின் ஆளுநராக இருந்த ழான்-பிரான்சுவா த பொந்தே இங்கே நிலம் வாங்கித் திராட்சை போட்டார். பின்னால் வந்த வாரிசுகள் பக்கத்தில் 'கானே' என்ற இடத்தில் இருந்த நிலத்தையும் சேர்த்துக்கொண்டார்கள். இரண்டும் ஒட்டிக்கொண்டு ஒரே பெயராகிவிட்டது.

1855-ல் பாரிஸில் உலகக் கண்காட்சி. மூன்றாம் நெப்போலியன் காலம். போர்டோவின் சிறந்த ஒயின்களுக்கு ஒரு தரப்பட்டியல் வேண்டும் என்று கேட்க, தரகர்கள் உட்கார்ந்து, சந்தையில் எது என்ன விலைக்குப் போகிறது என்பதை வைத்து ஐந்து தரங்களாகப் பிரித்துக் கொடுத்தார்கள். பொந்தே-கானேவுக்குக் கிடைத்தது ஐந்தாம் தரம்.

'சரி, அடுத்த வருஷம் நல்லா பண்ணினா மேல போயிடலாமே'ன்னு நினைக்கிறீங்களா? அதுதான் முடியாது. அந்தப் பட்டியல் இன்றைக்கும் கிட்டத்தட்ட அப்படியே இருக்கிறது. பொந்தே-கானேவின் பக்கத்துத் தோட்டமான மூத்தோன் ரோத்ஷீல்ட் மட்டும் 1973-ல் இரண்டாம் தரத்திலிருந்து முதல் தரத்துக்கு ஏறியது. பத்தாம் வகுப்பு மார்க்கை வைத்தே ஆயுசுக்கும் எடைபோடுகிற மாதிரிதான்!

1865-ல் க்ரூஸ் என்ற ஒயின் வியாபாரக் குடும்பம் தோட்டத்தை வாங்கி, 110 வருஷம் வைத்திருந்தது. 1975-ல், கோன்யாக் வியாபாரியான கீ தெஸ்ஸரோன் வாங்கினார். 1994-லிருந்து பொறுப்பு அவர் மகன் ஆல்ஃபிரட் தெஸ்ஸரோன் கைக்கு வந்தது. ஆரம்பத்தில் சொன்ன அந்த உரிமையாளர் இவர்தான்.

கதையில் இன்னொரு முக்கியமான ஆள் உண்டு. 1989-லிருந்து தோட்டத்தின் தொழில்நுட்பப் பொறுப்பாளராக இருந்த ழான்-மிஷேல் கோம். அவருக்கும் மனைவி கொரினுக்கும் சொந்தமாக ஒரு சிறிய திராட்சைத் தோட்டம் இருந்தது. பயோடைனமிக் முறையை முதலில் அங்கேதான் முயன்று பார்த்தார்கள். சொந்தக் காசில் சோதனை செய்த பிறகுதான் முதலாளியிடம் பேச்சை எடுத்தார் கோம். 2004-ல் 14 ஹெக்டேரில் மட்டும் தொடங்கினார்கள். அடுத்த வருஷமே மொத்தத் தோட்டமும், அதாவது சுமார் 80 ஹெக்டேரும், மாறியது.

மாட்டுக் கொம்பும் மண்ணும்

பயோடைனமிக் என்பதை 'உயிர் ஆற்றல் வேளாண்மை' என்று தமிழில் சொல்வார்கள். இயற்கை விவசாயத்தில் இருக்கும் எல்லாக் கட்டுப்பாடும் இதிலும் உண்டு. செயற்கை உரம் கிடையாது, களைக்கொல்லி கிடையாது, ரசாயனப் பூச்சிமருந்து கிடையாது. அதற்கு மேல் இன்னும் சில விஷயங்கள் சேரும். விநோதமே அங்கேதான் ஆரம்பம்.

1924-ல், ஆஸ்திரியத் தத்துவச் சிந்தனையாளர் ருடால்ஃப் ஸ்டைனர், இன்றைய போலந்தில் இருக்கும் கோபர்விட்ஸ் என்ற ஊரில் விவசாயிகளுக்காக எட்டு உரைகள் நிகழ்த்தினார். அவர் விவசாயி இல்லை. அடுத்த வருஷமே இறந்தும்போனார். ஆனால், அந்த உரைகளில் இருந்துதான் மொத்த முறையும் கிளம்பியது.

முதல் தயாரிப்பு, கொம்பு சாண உரம். பசுவின் கொம்புக்குள் சாணத்தை நிரப்பி, குளிர்காலம் முழுக்க மண்ணுக்குள் புதைத்து வைப்பார்கள். வசந்தத்தில் தோண்டி எடுத்தால் சாண நாற்றம் போய், காட்டு மண் வாசனையோடு இருக்கும். ஒரு ஹெக்டேருக்குச் சுமார் 100 கிராம் எடுத்து, தண்ணீரில் போட்டு, ஒரு மணி நேரம் கலக்க வேண்டும். ஒரு பக்கமாகச் சுழற்றி நடுவில் சுழி விழுந்ததும், சட்டென்று எதிர்ப்பக்கம் சுழற்ற வேண்டும். பிறகு நிலத்தில் தெளிப்பார்கள். இரண்டாவது, கொம்பு சிலிக்கா. குவார்ட்ஸ் கல்லை (நம்ம ஊர் வெங்கச்சங்கல்தான்) மாவாக அரைத்துக் கொம்பில் அடைத்து, கோடையில் புதைத்து எடுப்பது. இதை இலை மேல் தெளிப்பார்கள். தொழுவுரத்தில் சேர்க்கச் சீமைச்சாமந்தி, காஞ்சொறி மாதிரியான மூலிகைத் தயாரிப்புகளும் உண்டு. எந்த வேலையை எப்போது செய்வது என்பதற்கு நிலாவையும் நட்சத்திரங்களையும் பார்க்கும் காலண்டர் வேறு!

'இதெல்லாம் உண்மையிலேயே வேலை செய்யுதா?'ன்னு கேட்டால், நேர்மையான பதில் இதுதான்: கொம்பும் நிலாவும் தனியாக என்ன செய்கின்றன என்பதற்கு அறிவியல் ஆதாரம் பலமாக இல்லை. கலிஃபோர்னியாவில் ஒரு திராட்சைத் தோட்டத்தைப் பிரித்து, ஒரு பகுதியில் வெறும் இயற்கை விவசாயம், இன்னொரு பகுதியில் பயோடைனமிக் என்று செய்து பார்த்தார்கள். 2005-ல் வெளியான அந்த ஆய்வில், ஆறு வருஷத்துக்குப் பிறகும் மண்ணின் தரத்தில் வித்தியாசம் தெரியவில்லை. பழத்தில் மட்டும் லேசான மாற்றம். 

அப்போ எல்லாம் சும்மாவா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. ரசாயனம் இல்லாத நிலத்தில் நோய் வருவதை முன்கூட்டியே கண்டுபிடித்தால்தான் தப்பிக்க முடியும். அதற்கு ஒவ்வொரு வரிசையிலும் ஆள் நடந்தே ஆக வேண்டும். அந்தக் கவனிப்புக்குப் பலன் இல்லாமல் போகாது.

திருடனுக்காக அடித்த நீலம்

இப்போது பூஞ்சணத்துக்கு வருவோம். அடிச்சாம்பல் நோய் என்பார்கள். இலையின் மேல்பக்கம் எண்ணெய் பட்ட மாதிரி மஞ்சள் திட்டு, அடிப்பக்கம் வெள்ளைப் பூஞ்சணம். பிஞ்சில் ஏறினால் குலையே கருகிச் சுருங்கிவிடும். அமெரிக்காவிலிருந்து வந்த நோய் இது. 1878-ல் பிரான்ஸில் கண்டுபிடிக்கப்பட்டது.

இதற்கான மருந்து கிடைத்த கதை செம சுவாரஸ்யம். போயாக்குக்கு அடுத்த ஊர் சாந்-ழூலியன். அங்கே சாலையோரக் கொடிகளில் வழிப்போக்கர்கள் பழத்தைப் பறித்துத் தின்னாமல் இருக்க, மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கரைத்துத் தெளித்து வைப்பார்கள். நீலப் பச்சையாக, விஷம் மாதிரித் தெரியும். 1882-ல் அந்த வழியாகப் போன தாவரவியல் பேராசிரியர் மிலார்தே ஒன்றைக் கவனித்தார். தோட்டமெல்லாம் இலை உதிர்ந்து கிடக்க, சாலையோரக் கொடியில் மட்டும் இலை அப்படியே இருக்கிறது! ஆராய்ந்து, 1885-ல் வெளியிட்டார். அதுதான் போர்டோ கலவை. ஆமாங்க, உங்க ஊர்த் திராட்சைத் தோட்டத்துலயும் வெற்றிலைக் கொடிக்காலிலும் தெளிக்கிற அதே போர்டோ கலவைதான்.

இயற்கை விவசாயத்திலும் பயோடைனமிக்கிலும் இந்தத் தாமிர மருந்துக்கு அனுமதி உண்டு. ஆனால், தாமிரம் மண்ணில் மக்காது, சேர்ந்துகொண்டே போகும். மண்புழுவுக்கு ஆகாது. அதனால், ஐரோப்பிய ஒன்றியம் ஒரு ஹெக்டேருக்கு ஏழு வருஷத்தில் 28 கிலோவுக்கு மேல் போகக் கூடாது என்று 2019-லிருந்து வரம்பு வைத்திருக்கிறது. 'இயற்கை'ன்னு சொன்னாலே மண்ணுக்கு நல்லதுன்னு நினைச்சுக்க வேண்டாம். இந்த முறையின் பலவீனமான இடம் இதுதான்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. தாமிரம் இலையின் மேல் படிந்து நிற்கும், அவ்வளவுதான். மழை பெய்தால் கழுவிக்கொண்டு போய்விடும். புதிதாக விட்ட தளிருக்குப் பாதுகாப்பே இருக்காது. ரசாயன மருந்துகளில் பல, செடிக்குள்ளேயே போய் வேலை செய்யும். விடாமல் மழை பெய்யும் வருஷத்தில் இந்த வித்தியாசம்தான் விளைச்சலைத் தீர்மானிக்கும்.

இரண்டு மழைக்காலங்கள்

இப்போ அந்த 2007 கேள்விக்கு வருவோம். ஆல்ஃபிரட் தெஸ்ஸரோன் என்ன செய்தார் தெரியுமா? அடித்தார். ரசாயன மருந்தையே அடித்தார். விளைச்சல் தப்பியது, சான்றிதழ் கணக்கு போயிற்று. பிறகு அந்த முடிவை எண்ணி அவரே வருந்தினார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வருஷத்துக்கு ஒரே ஒரு அறுவடை, அத்தனை பேருக்குச் சம்பளம். கண் முன்னால் குலை கருகும்போது கொள்கை பேசுவது சுலபமா என்ன?

2008-ல் முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். அதே வருஷம் குதிரைகளும் வந்தன. டிராக்டரின் எடை மண்ணை இறுக்கிவிடுகிறது என்பதால், தோட்டத்தின் ஒரு பகுதியில் குதிரை உழவு. 2010-ல் சான்றிதழ் கைக்கு வந்தது. 1855 பட்டியலில் இருக்கும் மெதோக் தோட்டங்களில் பயோடைனமிக் சான்றிதழ் வாங்கிய முதல் தோட்டம் இதுதான். 2009, 2010 ஆண்டுகளின் ஒயின்கள் இரண்டுக்கும் அமெரிக்க விமர்சகர் ராபர்ட் பார்க்கர் நூற்றுக்கு நூறு போட்டார். 2012-லிருந்து ஒயினில் ஒரு பங்கை ஓக் பீப்பாய்க்குப் பதிலாக, 900 லிட்டர் கொள்ளும் கான்கிரீட் தாழிகளில் ஊறவைக்கிறார்கள். தாழிக்கான கலவையில் தோட்டத்துச் சரளைக்கல்லும் உண்டு.

எல்லாம் நல்லாப் போய்க்கிட்டு இருந்தப்போதான் 2018 வந்தது. வசந்தம் முழுக்க மழை. ஜூலை தொடக்கம் வரை ஈரம் விடவே இல்லை. சேறில் இறங்கித் தெளிக்கவும் வழியில்லை, தெளித்ததும் நிற்கவில்லை. 11 வருஷத்துக்கு முன் வந்த அதே சோதனை, அதே நிலத்தில்.

இந்த முறை ரசாயனத்தைத் தொடவில்லை. விளைச்சலில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. பக்கத்து மார்கோ வட்டாரத்தில், இதே முறைக்கு மாறியிருந்த ஷத்தோ பால்மெருக்கும் அதே அடி. ஹெக்டேருக்கு வெறும் 1,100 லிட்டர்தான் தேறியது. வழக்கமாகப் போடும் இரண்டாம் ரக ஒயினையே அவர்கள் அந்த வருஷம் போடவில்லை.

ஜூலைக்குப் பிறகு நல்ல வெயில் அடித்தது. பொந்தே-கானேவில் மிஞ்சிய கொஞ்சம் திராட்சையில் வந்த ஒயினை விமர்சகர்கள் கொண்டாடினார்கள். ஆனால், பாராட்டு வந்ததால் நஷ்டம் ஈடாகிவிடாது. அந்த நஷ்டத்தைத் தாங்கும் வசதி ஒரு பெரிய எஸ்டேட்டுக்கு இருந்தது. இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் விவசாயி இதே முடிவை எடுத்திருந்தால், அடுத்த வருஷம் அவரால் நிலத்தில் இறங்கியிருக்க முடியுமா என்பது சந்தேகம்தான். பயோடைனமிக்கைப் புகழ்பவர்கள் இதைப் பெரும்பாலும் பேசுவதில்லை.

ழான்-மிஷேல் கோம் 2020-ல் தோட்டத்திலிருந்து விடைபெற்றார். முறை மாறவில்லை.

எங்கேயாவது பாட்டிலில் 'டிமீட்டர்', 'பயோடிவின்' என்ற பெயர்களைப் பார்த்தால், அவை பயோடைனமிக் சான்றிதழ்கள் என்று புரிந்துகொள்ளுங்கள். நிலத்தை எப்படி நடத்தினார்கள் என்பதைத்தான் அவை சொல்லும். ஆல்கஹால் அளவு குறைவு என்றோ, சல்ஃபைட் சேர்க்கவே இல்லை என்றோ அர்த்தமில்லை. பொந்தே-கானேவிடம் இப்போது இரண்டு சான்றிதழும் இருக்கின்றன. 1855 பட்டியலில் மட்டும் அது இன்னும் ஐந்தாம் தரம்தான்!