துணியின் மணமும் தூய்மையும்: தமிழ் மரபும் மைசூர் தேவராஜ மொஹல்லாவும்

முன்னுரை

துணியில் வியர்வை நாற்றம் தங்காமலும் நுண்ணுயிரிகள் பெருகாமலும் தடுக்கும் பதப்பாடு இன்று ஆடைத் தொழிலில் ஒரு தனித்துறையாக வளர்ந்துள்ளது. அகிற்புகையும் சந்தனமும் பயன்கொண்ட பண்டைத் தமிழர் இதனை அன்றே அறிந்திருந்தனர் என்னும் கூற்று இத்துறை குறித்த பேச்சில் அடிக்கடி எழுவதுண்டு. இக்கூற்றில் மணமூட்டல், தூய்மையாக்கல் என்னும் இரு வேறு செயல்கள் ஒன்றாகக் கலக்கப்படுகின்றன. இவ்விரண்டையும் பிரித்துக் காண்பதும், துணியின் தூய்மைக்குரிய பெருமை யாருக்கு உரியது என ஆராய்வதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும். நறுமணத்திற்குப் பெயர்பெற்றதும் கொள்ளைநோயின் கொடுமையைக் கண்டதுமான மைசூர் நகரம் இவ்வாய்வுக்குரிய களமாகக் கொள்ளப்படுகிறது.

சங்க இலக்கியத்தில் வெளுத்தல்

சங்க இலக்கியத்தில் துணி வெளுக்கும் பெண் ‘புலைத்தி’ எனப்படுகிறாள். புறநானூற்றின் 311ஆம் பாடலில், களர் நிலத்தில் தோண்டிய கிணற்று நீரில் அவள் நாள்தோறும் வெளுத்த தூய வெள்ளாடையை ஔவையார் குறிப்பிடுகிறார். களர் நிலத்து நீர் காரத்தன்மை உடையது. காரம் எண்ணெய்ப் பிசுக்கைக் கரைக்கும். வண்ணார் பிற்காலம் வரை உவர்மண்ணைப் பயன்படுத்தியமைக்கும் இதுவே காரணம். குறுந்தொகை 330இல், கஞ்சிப்பசையில் தோய்த்த ஆடையை அடித்துக் குளத்து நீரில் இடும் காட்சி உவமையாக வந்துள்ளது. நற்றிணை 90 இரவில் கஞ்சியிடப்பட்ட ஆடையைக் கூறுகிறது. இப்பாடல்களால் நீர், காரம், அடித்தல், கஞ்சி என்னும் தொழில்நிலைகளை அறியமுடிகிறது.

பின்னாளில் வழங்கிய ‘வெள்ளாவி வைத்தல்’ இம்முறையின் முதிர்ந்த நிலை எனலாம். காரமேற்றிய துணிகளைப் பெரும்பானையின்மேல் அடுக்கி நீராவியில் அவிப்பதே வெள்ளாவி. நீண்ட நேர ஆவிச்சூடு பெரும்பான்மையான பாக்டீரியாக்களைக் கொல்லவல்லது. அதன்பின் வெயிலில் உலர்த்துவதால் நுண்ணுயிரிகள் வளர்வதற்குரிய ஈரமும் நீங்குகிறது. உலர்த்தலின் இன்றியமையாமையைப் பெரியபுராணத்துத் திருக்குறிப்புத்தொண்ட நாயனார் வரலாறு உணர்த்துகிறது. காஞ்சியில் அடியார் ஒருவரின் கந்தையை மாலைக்குள் வெளுத்து உலர்த்தித் தருவதாக வாக்களித்த அவர், மழை விடாமல் பெய்யவே, தம் தலையைத் துணி துவைக்கும் கல்லில் மோதிக்கொள்ள முற்பட்டார். உலராத துணி வெளுத்த துணியாகாது என்பது அத்தொழிலின் அறம்.

புகையூட்டல்

நெடுநல்வாடையில் கூதிர்காலத்து மகளிர் அகிலும் வெள்ளயிரும் புகைத்துக் கூந்தலுக்கு மணமேற்றுகின்றனர். கன்னட நிலத்தை ஆண்ட கல்யாணிச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் 12ஆம் நூற்றாண்டில் இயற்றிய மானசோல்லாசம், ஆடையையும் தூபத்தையும் அரசனின் இன்பப் பொருள்களாக வகைப்படுத்துகிறது. இவ்விடங்களில் மணம் செல்வத்தின் அடையாளமாகவும் இன்பத்தின் பகுதியாகவும் அமைகிறது. நோய்த்தடுப்பு அங்குப் பேசுபொருளாக இல்லை.

சரக சங்கிதையின் சாரீரஸ்தானம் 8ஆம் அத்தியாயம் இதனின்று வேறுபடுகிறது. குழந்தையின் படுக்கையும் போர்வையும் அழுக்கானால் அவற்றை நீக்கவேண்டும். மாற்று இல்லையெனில் நன்றாகக் கழுவி, புகையூட்டி, உலர்ந்த நிலையில் பயன்படுத்தவேண்டும் என்பது அதன் விதி. புகைக்கும் பொருள்களுள் வெண்கடுகு, பெருங்காயம், குங்கிலியம் ஆகியவற்றுடன் வசம்பும் இடம்பெறுகிறது. தமிழ் வீடுகளில் வசம்புக்குப் ‘பிள்ளை வளர்ப்பான்’ என்னும் பெயர் வழங்குவது இங்கு ஒப்புநோக்கத்தக்கது. மருத்துவ நூல் கழுவுதலை முன்வைத்துப் புகையைத் துணையாகவே கொள்கிறது என்பது கருதத்தக்கது. சந்தன எண்ணெய், வசம்பு முதலியன சில நுண்ணுயிரிகளைத் தடுப்பதாக ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டியுள்ளன. ஆயினும் செறிவான எண்ணெய்க்கு உள்ள ஆற்றல் துணியில் படிந்த மெல்லிய புகைக்கும் உண்டு எனக் கொள்ளுதல் பொருந்தாது.

மைசூர்: மணமும் கொள்ளைநோயும்

மைசூரின் தேவராஜ மொஹல்லா, தேவராஜ சந்தையால் அறியப்படும் பகுதியாகும். பூ, குங்குமம், வாசனை எண்ணெய், ஊதுவத்தி ஆகியன அச்சந்தையின் அடையாளங்கள். சந்தன மரம் மைசூர் அரசின் தனியுரிமையாக இருந்தது. முதல் உலகப்போரால் ஐரோப்பிய ஏற்றுமதி தடைப்படவே, நான்காம் கிருஷ்ணராஜ உடையார் ஆட்சியில், திவான் விசுவேசுவரய்யா காலத்தில், 1916ஐ ஒட்டிய ஆண்டுகளில் சந்தன எண்ணெய் வடிக்கும் தொழில் அரசால் தொடங்கப்பட்டது. மைசூர்ப் பட்டு, அகர்பத்தி, சந்தன எண்ணெய், சந்தன சோப்பு ஆகிய நான்கும் இன்று புவிசார் குறியீடு பெற்றுள்ளன.

இம்மணநகரின் வரலாற்றில் வேறொரு பக்கமும் உண்டு. 1898இல் பெங்களூரை அடைந்த பிளேக் மைசூர் நகரத்துக்கும் பரவியது. நெருக்கடியான குடியிருப்புகளைச் சீரமைக்க 1903இல் நகர மேம்பாட்டு அறக்கட்டளைக் குழு அமைக்கப்பட்டது. அக்காலத்தில் இந்திய நகரங்களில் மேற்கொள்ளப்பட்ட பிளேக் நடவடிக்கைகளில் துணி முதன்மையான ஐயத்துக்குரிய பொருளாயிற்று. நோயாளியின் உடைகளும் படுக்கைகளும் கொதிநீரில் அவிக்கப்பட்டன, பாதரசக் கரைசலில் நனைக்கப்பட்டன, எரிக்கப்படுவதும் உண்டு. 1894இல் எர்சின் நோய்க்கிருமியைக் கண்டறிந்திருந்தார். அது தெள்ளுப்பூச்சியால் பரவுகிறது என 1898இல் கராச்சியில் சிமோன் காட்டினார். துணியிலிருந்த தெள்ளையும் கிருமியையும் அழிக்கச் சூடு உதவியது. வாசனைக்கு அங்கு இடமில்லை. புதிய நுண்ணுயிரியல் கைக்கொண்ட கொதிநீர் முறை, வண்ணாரின் வெள்ளாவியில் ஏற்கனவே இருந்த ஒன்றே என்பது குறிப்பிடத்தக்கது.

இன்றைய பதப்பாடு

வியர்வைக்கு இயல்பாக மணம் மிகுதியில்லை. தோலிலும் துணியிலும் வாழும் பாக்டீரியாக்கள் அதனைச் சிதைக்கும்போதே நாற்றம் பிறக்கிறது. பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகத்தார் 2014இல் வெளியிட்ட ஆய்வில் 26 பேரின் உடற்பயிற்சி உடைகள் சோதிக்கப்பட்டன. பருத்தியைவிடப் பாலியெஸ்டரில் நாற்றம் மிகுந்திருந்தது. தமிழர் நெய்த பருத்தி இவ்வகையில் நலமுடையது. எனினும் நுண்ணுயிர்த்தடுப்பு அதன் நோக்கமாக இருந்தது எனச் சொல்ல இதில் சான்றில்லை. இக்காலப் பதப்பாட்டில் வெள்ளி, நான்கிணை அமோனியச் சேர்மங்கள், இறால் ஓட்டிலிருந்து பெறப்படும் கைட்டோசான் முதலியன பயன்படுகின்றன. மீண்டும் மீண்டும் சலவை செய்யும்போது இவற்றின் ஆற்றல் குறையக்கூடும். கரைந்து வெளியேறும் வெள்ளி நீர்நிலைகளைப் பாதிக்கலாம் என்பதும் விவாதத்தில் உள்ளது. எனவே பதப்படுத்திய துணியும் துவைக்கப்படவேண்டியதே.

முடிவுரை

கன்னடத்தில் ‘மடி’ என்பது வெளுத்த துணியையும் சடங்குத் தூய்மையையும் குறிக்கும். வெளுப்பவர் ‘மடிவாளர்’ எனப்படுவர். 12ஆம் நூற்றாண்டின் வசனக் கவிஞரான மடிவாள மாச்சிதேவர் அத்தொழிலினர். தமிழ்ப் பேச்சிலும் ‘மடி’ ஆசாரச் சொல்லாக வழங்குகிறது. தூய்மையைக் குறிக்கும் சொல், அதனை உண்டாக்கியவர்களின் பெயரிலேயே அமைந்துள்ளது. எனினும் அவர்களுக்குச் சமூகம் தந்தது தீட்டு. சங்கப் புலைத்தியின் பெயர் பிற்காலத்தில் இழிசொல்லாயிற்று. புதிரை வண்ணார் பட்ட அவமதிப்பும் உழைப்பும் இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ (1994) நாவலுக்குப் பொருளாயின.

அகிற்புகைக்கு அறிவியல் பெருமை தேடும் ஆய்வு, அரண்மனையின் இன்பத்தை அறிவாக்குகிறது. களர்க் கிணற்றருகே நின்றவளின் அறிவை மறக்கிறது. துணியிலுள்ள கிருமியை அகற்றிய மரபு தமிழகத்தில் உண்டு. காரமும் ஆவியும் வெயிலும் கைவரப்பெற்ற வண்ணாரிடம் அது இருந்தது. நுண்ணுயிரி என்னும் கருத்தை அவர்கள் அறிந்திருக்கவில்லை. அதனை ஒழிக்கும் தொழிலை அறிந்திருந்தனர். தமிழ் அறிவியல் வரலாறு எழுதப்படும்போது புலைத்தி குறித்த பாடல்களைத் தொழில்நுட்பச் சான்றுகளாகவும் மறுவாசிப்புச் செய்தல் வேண்டும்.