‘அந்நிய’ என்னும் அடைமொழி

பவுல் கொரிந்து சபைக்கு எழுதிய முதல் நிருபத்தின் 14-ஆம் அதிகாரத்தைத் தமிழில் படிக்கிறவன் ‘அந்நிய பாஷை’ என்ற தொடரைத் திரும்பத் திரும்பச் சந்திக்கிறான். கிரேக்க மூலத்தில் இருப்பது ‘குளோஸா’ என்ற ஒரே சொல். நாக்கு என்று அர்த்தம். பாஷை என்றும் அர்த்தம். ‘அந்நிய’ அங்கே இல்லை. 1611-ல் வந்த ஆங்கில மொழிபெயர்ப்பிலும் இப்படி ஓர் அடைமொழி உண்டு. ஆனால் அதன் பதிப்புகளில் அது சாய்வெழுத்தில் அச்சாகும், மூலத்தில் இல்லாததைச் சேர்த்திருக்கிறோம் என்ற ஒப்புதலாக. தமிழில் அந்த ஒப்புதலும் இல்லாமல் சொல் ஒட்டிக்கொண்டுவிட்டது. கிறிஸ்தவ சபைகளில் இந்தப் பேச்சுக்கு என்ன ஸ்தானம் என்ற நெடுங்காலத் தகராறே இந்த அடைமொழிக்குள் அடங்கிக் கிடக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. அந்நியம் என்றால் யாருக்கு?

ஒரே சொல்லைக் கொண்டு புதிய ஏற்பாடு இரண்டு வேறு சம்பவங்களைக் குறிக்கிறது. அப்போஸ்தலர் நடபடிகளின் இரண்டாம் அதிகாரத்தில், பெந்தெகொஸ்தே நாளில் சீஷர்கள் பேசுகிறார்கள். பல தேசங்களிலிருந்து வந்தவர்கள் அவரவர் பாஷையில் அதைக் கேட்கிறார்கள். அங்கே அதிசயம், எல்லோருக்கும் புரிந்தது என்பது. கொரிந்துவிலோ யாருக்கும் புரியவில்லை. பவுல் இதைத் தடுக்கவில்லை, தடுக்கக் கூடாது என்றும் சொல்கிறார். தாமும் பேசுகிறவர்தான் என்கிறார். ஆனால் சபையில் இரண்டு பேர், மிஞ்சினால் மூன்று பேர், ஒருவர் பின் ஒருவராக. அர்த்தம் சொல்ல ஒருவர் வேண்டும். அப்படி ஒருவர் இல்லாவிட்டால் பேசுகிறவன் தனக்கும் கடவுளுக்கும் மட்டும் கேட்கப் பேசிக்கொள்ளட்டும். இதுதான் அவர் வகுத்த ஏற்பாடு. பொறுப்பைப் பேசுகிறவன் தலையில் மட்டும் வைக்காமல், கேட்கிறவர்களில் ஒருவனையும் அவர் இழுத்துக்கொள்கிறார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

பின்வந்த சபை இந்த இழுபறியில் நிற்க விரும்பவில்லை. அகஸ்டின் காலத்திற்குள் விடை முடிவாகிவிட்டது: அது ஆரம்ப காலத்துக்கான அடையாளம், இப்போது திருச்சபையே எல்லா ஜாதிகளின் பாஷைகளிலும் பேசுகிறது, தனி மனிதன் பேச வேண்டியதில்லை. தர்க்கம் அழகானதுதான். ஒரு ஸ்தாபனம் தனி நாக்குகளிடமிருந்து பேச்சை வாங்கித் தன் பெயரில் எழுதிக்கொண்ட பத்திரமாகவும் இதைப் படிக்கலாம்.

நம் ஊர்க் கதைக்கு வருகிறேன். ஜான் கிறிஸ்டியன் அருளப்பன் (1810-1867) திருநெல்வேலிச் சீமைக்காரர். ரேனியஸிடம் படித்தவர்; பிறகு அந்தோனி நாரிஸ் க்ரோவ்ஸுடன் சேர்ந்தவர். அந்நிய மிஷன் எதனிடமும் சம்பளம் வாங்காமல் ஊழியம் செய்வது என்று தீர்மானித்து 1840-ல் கிறிஸ்தியான்பேட்டையை ஏற்படுத்தினார். 1860 மார்ச்சில் அங்கே ஓர் எழுப்புதல் தொடங்கியது. மக்கள் அழுதார்கள், நடுங்கினார்கள், விழுந்தார்கள். சிலர் அந்நிய பாஷையில் கடவுளைத் துதித்தார்கள், அதற்கு அர்த்தமும் சொல்லப்பட்டது என்று அருளப்பனே பதிவு செய்கிறார். அர்த்தம் சொல்லப்பட்டது என்பதை அவர் விடாமல் எழுதியிருப்பது முக்கியம். பவுலின் ஏற்பாடு இந்தச் சிற்றூரில் ஞாபகத்தில் இருந்திருக்கிறது. சுற்றுவட்டாரத்து மிஷனரிகளில் சிலர் இதை இந்த மண்ணிலேயே முளைத்தது என்று கண்டு மகிழ்ந்தார்கள். உடல் நடுக்கங்களையும் ஆவேசத்தையும் கண்டு தயங்கினார்கள். ஆங்கிலம் பேசுகிறவர்கள் ஆண்ட சபைகள் நடுவில், பாமரர்கள் வாயில் வந்த பேச்சுக்குத்தான் ‘அந்நியம்’ என்று பெயர். பெந்தெகொஸ்தே இயக்கம் அமெரிக்காவில் பிறந்து இங்கே இறக்குமதியானது என்று சொல்கிறவர்கள் இந்த 1860-ஐ மறந்துவிடுகிறார்கள்.

அமெரிக்கக் கதை 1901 புத்தாண்டு நாளில், கான்ஸாஸ் மாநிலத்து டோபீகாவில் தொடங்குகிறது. சார்ல்ஸ் பர்ஹாமின் பைபிள் பள்ளியில் ஆக்னஸ் ஓஸ்மன் என்ற மாணவி பேசியது சீன பாஷை என்று நம்பினார்கள். இனி மிஷனரிகள் வருஷக்கணக்கில் உட்கார்ந்து பாஷை படிக்கத் தேவையில்லை என்பது பர்ஹாமின் சித்தாந்தம். வில்லியம் ஸீமோர், அடிமைகளாக இருந்தவர்களின் மகன், ஹூஸ்டனில் பர்ஹாமின் வகுப்பை வெளியே நடையில் உட்கார்ந்து திறந்த கதவு வழியே கேட்டவர். நிறபேதச் சட்டம் அவரை உள்ளே விடவில்லை. 1906-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் அஸூஸா தெருக் கூட்டங்களை அவர்தான் நடத்தினார். கறுப்பரும் வெள்ளையரும் மெக்ஸிகோக்காரரும் ஒன்றாக மண்டியிட்டார்கள். அந்த ஆண்டே பர்ஹாம் வந்து பார்த்து அருவருத்தார். அவருக்கு அங்கே அந்நியமாகப் பட்டது பாஷை அல்ல.

அஸூஸாவில் அபிஷேகம் பெற்ற ஆல்ஃபிரட் கார் என்ற போதகர் தமக்கு வங்காளம் அருளப்பட்டிருக்கிறது என்று நம்பிக் கல்கத்தாவுக்குக் கப்பலேறினார். 1907 தொடக்கத்தில் அங்கே கூட்டங்கள் நடத்தினார். வங்காளிகளுக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. இதைச் சொல்லிச் சிரிப்பது சுலபம். எனக்கு முக்கியமாகப் படுவது, கார் அங்கேயே தங்கி ஆங்கிலத்தில் பிரசங்கித்ததும், இந்தப் பேச்சு பிரசங்கத்துக்கான கருவி அல்ல, துதிக்கானது என்று தம் கருத்தை மாற்றிக்கொண்டதும்தான். ஒரு சித்தாந்தம் நிஜக் காதுகளிடம் தோற்றது. அடைமொழியின் முதல் அர்த்தம், அதாவது வேறு தேசத்தாரின் பாஷை என்பது, கல்கத்தாவில் உதிர்ந்துவிட்டது.

அதே சமயம் பூனாவுக்கு அருகில் கேட்காவில், பண்டித ரமாபாயின் முக்தி மிஷனில், 1905-ல் தொடங்கிய எழுப்புதல் தொடர்ந்துகொண்டிருந்தது. அங்கே இருந்தவர்கள் விதவைகள், அனாதைப் பெண்கள், பஞ்சத்தில் தப்பியவர்கள். அவர்களில் சிலர் பாஷைகளில் பேசினார்கள். ரமாபாய் அதைத் தடுக்கவில்லை, ஆதரித்து எழுதினார். சமஸ்கிருதத்தில் ‘சரஸ்வதி’ பட்டம் பெற்ற பெண் அவர். 1922-ல் சாகும்வரை பைபிளைச் சாதாரணப் பெண்களுக்குப் புரியும் மராத்தியில் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தவரும் அவர்தான். புரிகிற மொழிக்காக உயிரைக் கொடுத்தவர் புரியாத பேச்சுக்கும் இடம் கொடுத்தார். இதில் முரண்பாடு இருப்பதாக நான் நினைக்கவில்லை. இரண்டுமே பண்டிதனின் மொழி அந்தப் பெண்களுக்குத் தராததைத் தந்தன.

அடுத்த வீழ்ச்சி உள்ளேயிருந்து வந்தது. 1916-ல் அமெரிக்க அசெம்ப்ளீஸ் ஆஃப் காட் சபை தன் விசுவாசப் பிரமாணத்தில், ஆவியின் அபிஷேகத்துக்கு முதல் வெளி அடையாளம் அந்நிய பாஷை என்று எழுதிக்கொண்டது. வரம் பரீட்சையாயிற்று. 1960-ல் கலிஃபோர்னியாவில் டென்னிஸ் பென்னட் என்ற ஆங்கிலிக்கன் குரு தாமும் பேசுவதாக அறிவித்துவிட்டுப் பதவி விலக நேர்ந்தது. 1967-ல் கத்தோலிக்கர்களிடையே தொடங்கியதற்கு 1975-ல் ரோமிலேயே இடம் கிடைத்தது. மறுத்தவர்கள் ஏற்றார்கள், ஏற்றவர்கள் கட்டாயமாக்கினார்கள். அர்த்தம் சொல்கிறவனின் நாற்காலி இரு பக்கமும் பெரும்பாலும் காலியாகவே இருந்தது.

வில்லியம் ஸமாரின் என்ற மொழியியலாளர் 1972-ல் வெளியிட்ட நூலில், இந்தப் பேச்சு மொழியின் இலக்கண அமைப்பு உடையதல்ல, பேசுகிறவர் அறிந்த ஒலிகளையே மாற்றி அடுக்குவது, ஆனால் பைத்தியமும் அல்ல என்று காட்டினார். என் கையில் இது ஆயுதமாயிற்று. என் அத்தைக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பரம்பரைக் கோயிலில் கடைசிப் பாயில் உட்கார்ந்திருந்தவள், நாற்பது வயதுக்கு மேல் ஒரு ஓட்டுக் கொட்டகை ஜெபவீட்டுக்குப் போய்ப் பாஷை பேசினாள். வீட்டில் எல்லோருக்கும் வெட்கம். ஆங்கில இலக்கியம் படித்திருந்த நான், “அதுக்கு அர்த்தமே கெடையாது அத்தை” என்று விளக்கினேன். அத்தை, “நீ சத்தம் போட்டுப் படிச்ச இங்கிலீசும் எனக்கு அப்பிடித்தாம்ல இருந்துச்சு. ஒன்ன நான் வேண்டாம்னா சொன்னேன்?” என்றாள். பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி எவ்வளவு அழுதும் பாஷை வராமல் கூட்டத்துக்குப் போவதையே நிறுத்திவிட்டாள் என்று பிற்பாடு வருத்தத்தோடு சொன்னவளும் அவளேதான்.

1916-ல் ஸூரிச் நகரத்தில் ஹ்யூகோ பால் அட்டை உடுப்பு மாட்டிக்கொண்டு அர்த்தமற்ற ஒலிக்கவிதைகளை வாசித்ததைப் பற்றி நாம் மரியாதையோடு எழுதுகிறோம். வாசிக்கையில் தம் குரல் பாதிரியாரின் பூசை ராகத்தில் இறங்கியதாகக் குறித்துவைத்த அவர், சில ஆண்டுகளில் கத்தோலிக்கத்துக்கே திரும்பினார் என்பதையும் சேர்த்து எழுதுகிறோம். பால் செய்தது கலை, அத்தை செய்தது ஜெபம். இரண்டும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. பாலுக்கு அர்த்தம் சொல்ல நாங்கள் பத்துப் பேர் இருந்தோம். அத்தை பக்கத்தில் ஒரு தடவைகூட நான் உட்கார்ந்து கேட்டதில்லை.