அப்பன் தூக்கினான், பிள்ளை இறக்கினான்

பி.காம். படித்தவனுக்குக் காரின் அடிவயிற்றைப் பற்றி என்ன தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால், இது கடைசியில் ஒரு கணக்கு வழக்கு விவகாரமாக முடியப்போகிறது. அந்தத் தைரியத்தில்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் ஒரு காட்சி.

1970கள். அமெரிக்கா. ஏதோ ஒரு சின்ன ஊரின் மெயின் ரோடு. சனிக்கிழமை ராத்திரி. இருபது வயதுப் பையன்கள் கார்களில் மேலும் கீழும் ஊர்வலம் போய்க்கொண்டிருக்கிறார்கள். எங்கேயும் போகவேண்டிய வேலை கிடையாது. நாலு பேர் பார்க்கவேண்டும், அவ்வளவுதான். கார்களைப் பார்த்தால் விசித்திரமாக இருக்கிறது. மூக்கு தரையை முகர்கிறது. பின்பக்கம் மட்டும் அந்தரத்தில். முட்டுவதற்குத் தலையைக் குனிந்து நிற்கிற கிடா மாதிரி.

இருபது வருடம் கழித்து இன்னொரு காட்சி. அதே பையன்களின் பிள்ளைகள். இவர்களுடைய கார்கள் நேரெதிர். தரையோடு தரையாகப் படுத்துக்கொண்டு போகின்றன. டயருக்கும் பாடிக்கும் நடுவே ஒரு விரல் நுழைந்தால் அதிகம்.

அப்பன் தூக்கினான். பிள்ளை இறக்கினான். வேடிக்கை என்னவென்றால், இரண்டு பேருக்கும் உடைந்தது ஒரே இடம். பின்பக்க ஷாக் அப்சார்பரின் மேல்முனையைக் காரின் பாடியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டிருக்கிற மவுண்ட்.

ஏன் அப்படி? அதைப் புரிந்துகொள்ள, கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

1804ல் லண்டனில் ஒபதையா எலியட் என்பவர் குதிரை வண்டிக்கு ஒரு ஸ்பிரிங் செய்து பேட்டண்ட் வாங்கினார். பட்டை பட்டையாக இரும்பை அடுக்கி, வில்லாக வளைத்து, இரண்டு வில்களை எதிரும் புதிருமாக வைத்த ஸ்பிரிங். பிரபுக்களின் இடுப்பு எலும்புகள் அவரை வாழ்த்தியிருக்கும். குதிரை ஓடுகிற வேகத்துக்கு அது போதும். ஸ்பிரிங் குதித்தாலும், பட்டைகள் ஒன்றோடொன்று உராய்ந்து அந்தக் குதியலை அடக்கிவிடும்.

மோட்டார் வண்டி வந்தபோதுதான் சிக்கல். வேகம் கூடியது. ஒரு பள்ளத்தில் இறங்கினால், அதன்பிறகு பத்து தடவை குதித்துவிட்டுத்தான் வண்டி அடங்கியது. ஸ்பிரிங்குக்குச் சுமக்கத் தெரியும். சும்மா இருக்கத் தெரியாது.

பிரான்ஸில் ட்ரூஃபோ என்றொருவர். சைக்கிளுக்காக ஒரு சாதனம் செய்தார். கத்தரிக்கோல் மாதிரி இரண்டு கைகள், நடுவில் இறுக்கி வைத்த வட்டத் தட்டுகள். கைகள் அசைந்தால் தட்டுகள் உராயும். உராய்வில் குதியல் அடங்கும். எட்வர்ட் ஹார்ட்ஃபோர்டு என்கிற அமெரிக்கர் இதைப் பார்த்தார். சைக்கிளுக்கு எதற்கு, காருக்குப் போடலாமே என்று ஊருக்குக் கொண்டுபோனார். 20ஆம் நூற்றாண்டின் ஆரம்ப வருடங்களில், ட்ரூஃபோ - ஹார்ட்ஃபோர்டு என்று இரண்டு பேர் பெயரையும் தாங்கி அது விற்பனைக்கு வந்தது. கம்பெனி கொடுக்காததைக் கடையில் வாங்கி மாட்டுவது நேற்று முளைத்த பழக்கம் அல்ல என்பதைக் கவனியுங்கள். ஷாக் அப்சார்பரே அப்படி வந்ததுதான்.

அடுத்து, கிளீவ்லாந்தில் ஒரு ஹாரன் வியாபாரி. பெயர் கிளாட் ஃபாஸ்டர். காரின் புகையையே ஊதவைத்துச் சங்கீதம் எழுப்பும் ஹாரன் ஒன்றை 1904ல் செய்தவர். எக்காளம் ஊதும் தேவதூதரின் ஞாபகமாக அதற்கு கேப்ரியல் என்று பெயர். அடுத்த பத்து வருடத்துக்குள் அவரே இன்னொன்றும் கண்டுபிடித்தார். ஸ்னப்பர். சுருட்டிய பெல்ட் ஒன்று, ஸ்பிரிங் துள்ளி எழும்போது பிடித்து இழுக்கும். ஹாரன் போய்விட்டது. ஸ்னப்பரும் போய்விட்டது. கேப்ரியல் என்ற பெயர் மட்டும் ஷாக் அப்சார்பருக்கு நிலைத்துவிட்டது. 1961ல் இந்தியாவுக்கே வந்து, பிற்பாடு நம் ஓசூரிலும் தொழிற்சாலை போட்டது. அந்தப் பெயரைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். மறுபடியும் வரும்.

உராய்வுக்குப் பிறகு எண்ணெய். பிரான்ஸின் மோரிஸ் ஹூதாய் உருவாக்கிய எண்ணெய் ஷாக் அப்சார்பரை ஃபோர்டு கம்பெனி தனது மாடல் ஏ காரில் பொருத்தியது. அந்தக் கார் 1927 டிசம்பரில் வெளியானது. பணக்காரர் சமாசாரம் நடுத்தர வர்க்கத்துக்கு வந்து சேர்ந்தது. பிறகு இன்று நாம் பார்க்கும் குழாய் வடிவம். உள்ளே எண்ணெய், ஒரு பிஸ்டன், அதில் குட்டிக் குட்டித் துளைகள். வேகமாக அழுத்தினால் எண்ணெய் துளை வழியே போக மறுத்து முரண்டு பிடிக்கும். குதியல் சூடாக மாறும். சூடு காற்றில் போகும். தீர்ந்தது விஷயம்.

இங்கே ஒரு முக்கியமான தகவல். பெயர்தான் ஷாக் அப்சார்பர். உண்மையில் பள்ளத்தின் அதிர்ச்சியை முதலில் வாங்கிக்கொள்வது ஸ்பிரிங். ஷாக் செய்வது அந்த ஸ்பிரிங்கை அடக்குவது மட்டும்தான். ஸ்பிரிங் என்பது மூட்டை தூக்குகிற ஆள். ஷாக் என்பது கங்காணி. கங்காணி அதட்டுவார், மூட்டை தூக்கமாட்டார். ஸ்பிரிங்கும் ஷாக்கும் தனித்தனி இடத்தில் இருக்கிற காரில், வண்டி சும்மா நிற்கும்போது ஷாக்கின் மேல் அநேகமாக எந்தச் சுமையும் கிடையாது.

ஆகவே கார் கம்பெனி என்ன செய்யும்? மூட்டை தூக்குகிறவன் நிற்கிற இடத்தில் தடித்த இரும்பைப் போடும். கங்காணிக்கு ஒரு சாதாரண நாற்காலி போதும். கொஞ்சம் தகடு, கொஞ்சம் ரப்பர், ஒன்றிரண்டு போல்ட். இதைக் கஞ்சத்தனம் என்று சொல்லமுடியாது. கணக்கு.

அந்த நாற்காலியில் கங்காணியோடு மூட்டையையும் சேர்த்து ஏற்றினால் என்ன ஆகும்?

அதைத்தான் அப்பன் செய்தான்.

1970களில் வேகக் கார் வைத்திருந்த பையன்களுக்கு அகலமான பின் டயர் வேண்டியிருந்தது. டயர் பாடியில் உரசியது. பின்பக்கத்தைத் தூக்கினால் இடம் கிடைக்கும். கெத்தாகவும் இருக்கும். நல்ல ஸ்பிரிங் வாங்கி மாட்டலாம். செலவு, வேலை இரண்டும் அதிகம். சுலபமான வழி ஒன்று கடையில் இருந்தது. காற்றடிக்கிற ஷாக். குழாயைச் சுற்றி ரப்பர் உறை. பெட்ரோல் பங்கில் டயருக்குக் காற்றடிப்பதுபோல் அடித்தால், வண்டி ஜம்மென்று மேலே எழும்பும். மிகப் பிரபலமான பிராண்டின் பெயர் ஹைஜாக்கர். தயாரித்தவர் யார்? கேப்ரியல்தான்.

ஒன்று சொல்லிவிடவேண்டும். காற்று ஷாக் கெட்ட சரக்கு அல்ல. டிரெய்லர் இழுக்கும்போது, டிக்கியில் சாமான் நிறைந்திருக்கும்போது, தாழ்ந்துபோன பின்பக்கத்தைக் கொஞ்ச நேரம் சமமாக்க நல்ல உபாயம். பையன்கள் அதை வருடம் முழுக்கக் கிடா வேஷத்துக்குப் பயன்படுத்தினார்கள். ஸ்பிரிங் சுமந்துகொண்டிருந்த எடையில் ஒரு பெரிய பங்கு சத்தமில்லாமல் ஷாக்கின் மேல் ஏறியது. ஷாக்கின் மேல்முனை மாட்டியிருந்தது டிக்கியின் தரைத் தகட்டிலோ, அதையொட்டி ஓடும் குறுக்குச் சட்டத்திலோ. தகடு முதலில் வளைந்தது. பிறகு விரிசல். கொஞ்சம் துருவும் சேர்ந்துகொண்டால் கிழிசல்.

செலவை யார் கொடுப்பது? ஷாக் விற்றவர், என் ஷாக் நன்றாகத்தானே இருக்கிறது, உடைந்தது உங்கள் கார் என்பார். கார் கம்பெனி, கண்டதை மாட்டினால் அப்படித்தான் என்று கைவிரிக்கும். 1975ல் அமெரிக்காவில் மேக்னசன் - மாஸ் என்றொரு வாரண்டிச் சட்டம் வந்தது. கையெழுத்துப் போட்ட ஜனாதிபதியின் பெயர் ஃபோர்டு. கார்க் கம்பெனிக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை. வெளிச் சாமான் மாட்டினாய் என்ற ஒரே காரணத்துக்காக வாரண்டியை மறுக்கக்கூடாது, அந்தச் சாமானால்தான் கெட்டது என்று கம்பெனி காட்டவேண்டும் என்பது சட்டத்தின் சாரம். வாடிக்கையாளருக்கு நல்ல கவசம். ஆனால், ஷாக் மவுண்ட் விஷயத்தில் அதைக் காட்டுவது ரொம்பக் கஷ்டமில்லை.

இப்போது பிள்ளைக்கு வருவோம்.

1990ல் பிஎம்டபிள்யூ தனது 3 சீரிஸ் காரைப் புதிதாகக் கொண்டுவந்தது. கம்பெனிக்குள் அதன் சங்கேதப் பெயர் ஈ 36. பின்சக்கர அமைப்பு பிரமாதம். வளைவுகளில் அந்தக் கார் திரும்புகிற அழகுக்கே உலகமெங்கும் ரசிகர்கள். ஸ்பிரிங் ஓரிடத்தில், ஷாக் வேறோர் இடத்தில். கங்காணிக்கு வழக்கம்போல நாற்காலி. நடுவில் ரப்பர், சுற்றி ஒரு தகடு, பாடித் தகட்டைத் துளைத்துக்கொண்டு மேலே போகிற இரண்டு போல்ட்.

கார் பழசாகி, செகண்ட் ஹாண்டில் கைமாறி, இளைஞர்களிடம் வந்தது. வந்ததும் முதல் வேலை, இறக்குவது. 2001ல் வந்த ‘தி ஃபாஸ்ட் அண்ட் தி ஃப்யூரியஸ்’ படம் இந்த மாதிரி ஜுரத்தை இன்னும் ஏற்றிவிட்டது. குட்டையான ஸ்பிரிங், முறுக்கான ஷாக்.

முதல் வாரம் சொர்க்கம். சில மாதம் கழித்து ஒரு சத்தம். டொக். சின்ன மேடு ஏறினால் டொக். யாரோ டிக்கிக்குள்ளிருந்து கதவைத் தட்டுவது மாதிரி. ஷாக் போச்சு என்று நினைத்து ஷாக்கைக் கழற்றிப் பார்த்தால், அது ஜோராக இருக்கும். போனது ரப்பர். அதையும் கவனிக்காமல் ஓட்டினால், ஷாக்கின் தண்டு ரப்பரைப் பிய்த்துக்கொண்டு மேலே இடிக்க ஆரம்பிக்கும். மோசமான கேஸ்களில் பாடித் தகடே கிழியும்.

காரணங்களைப் பார்த்தால், ஒவ்வொன்றும் ஒரு கணக்குப் பிழை.

முறுக்கான ஷாக் என்றால் அதிக விசையோடு எதிர்க்கிற ஷாக். கீழே எவ்வளவு எதிர்க்கிறதோ, அவ்வளவும் மேலே மவுண்டுக்குப் போகிறது.

வண்டியை இறக்கினால் சக்கரம் மேலே வர இடம் குறைகிறது. தண்டிலேயே இருக்கிற ரப்பர் முட்டில் அடிக்கடி போய் இடிக்கும். ஒவ்வொரு இடியும் நேராக மவுண்டின் மண்டையில்.

சிலர் அதற்கும் மேலே போய், பின் ஸ்பிரிங்கைக் கழற்றி எறிந்துவிட்டு, ஷாக்கைச் சுற்றியே ஸ்பிரிங் இருக்கிற காயில் ஓவர் மாட்டினார்கள். சுமார் 1,400 கிலோ காரில் ஒரு பின்சக்கரத்தின் பங்கு 350 கிலோ. ஏறக்குறைய அவ்வளவும் இப்போது நாற்காலியின் மேல். நிற்கும்போதே! ஓடும்போது கேட்கவே வேண்டாம்.

எல்லாவற்றிலும் பரிதாபமான பிழை இன்னொன்று. கொள்ளை விலைக்கு ஷாக் வாங்கிவிட்டு, பத்து வருடப் பழைய ரப்பரையே திரும்ப மாட்டியது.

ரப்பர்தானே போகிறது, இரும்பாலேயே மவுண்ட் போட்டுவிட்டால்? போட்டார்கள். மவுண்ட் உடையவில்லை. அதைத் தாங்கிய பாடித் தகடு வாங்கிக்கட்டிக்கொண்டது. ரப்பரை மாற்ற அரை நாள் போதும். தகடு கிழிந்தால் வெல்டிங்.

எங்கள் அபார்ட்மெண்ட்டில் ஒருமுறை தண்ணீர் சரியாக ஏறவில்லை என்று பெரிய மோட்டாராகப் பார்த்து மாற்றினோம். தண்ணீர் பிய்த்துக்கொண்டு ஏறியது. இரண்டாம் மாதம் இருபது வருடப் பழைய குழாய் இரண்டாவது மாடியில் வாயைப் பிளந்தது. மோட்டார் விற்றவரைத் திட்டினோம். மோட்டாரில் ஒரு குறையும் இல்லை. கமிட்டியில் கணக்குப் பார்த்தவன் நான்தான். மோட்டாரின் விலையைப் பார்த்தேன், குழாயின் வயதைப் பார்க்கவில்லை.

கல்லூரியில் முதல் வருடம் சொல்லிக்கொடுத்த பாடம் இதுதான். ஒரு பக்கம் பற்று எழுதினால், இன்னொரு பக்கம் வரவு எழுதியே ஆகவேண்டும். விசையும் அப்படித்தான். அதைத் தள்ளுபடி செய்ய முடியாது. ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு மாற்றலாம், அவ்வளவுதான். எங்கே போய் விழுகிறது என்று பார்க்காதவன் வீட்டில் டொக் என்று சத்தம் கேட்கும்.

ஈ 36 ரசிகர்கள் கண்டுபிடித்த வைத்தியம் சுவாரசியமானது. 1995ல் வந்த ‘கோல்டன் ஐ’ படத்தில் ஜேம்ஸ் பாண்ட் ஓட்டினாரே, பிஎம்டபிள்யூ இசட் 3, அந்தக் காருக்காகக் கம்பெனியே செய்த ஒரு சின்ன இரும்புத் தகடு. ஈ 36 மவுண்டின் இரண்டு போல்ட்டுக்கும் அது கனகச்சிதமாகப் பொருந்தியது. பாடிக்கு மேல் பக்கம் தகட்டை வைத்து முடுக்கினால், இரண்டு புள்ளியில் குத்திய விசை அகலமாகப் பரவும். ஷாக்கின் விலையோடு ஒப்பிட்டால் அது சில்லறைக் காசு. கூடவே, புது ரப்பர். பெரும்பாலானவர்களுக்கு இது போதுமானதாக இருந்தது.

மவுண்ட் என்பது டிக்கியில் சத்தம் போடுகிற சமாசாரம் மட்டும் இல்லை. அது விட்டுப்போனால் ஷாக்குக்குப் பிடிமானம் இல்லை. ஷாக் இல்லாத சக்கரம் 1900ஆம் வருடத்துச் சக்கரம். குதித்துக்கொண்டே இருக்கும். குதிக்கிற சக்கரம் தரையைத் தொடாத நேரத்தில் பிரேக் கிடையாது, பிடிப்பும் கிடையாது. மழை நாளில் ஒரு வளைவில் அது நடந்தால், பின்சீட்டில் உட்கார்ந்திருப்பது யார் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

காரை மாற்றவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஹார்ட்ஃபோர்டு மாற்றாமல் இருந்திருந்தால் நாமெல்லாம் இன்னும் குதித்துக்கொண்டுதான் போயிருப்போம். எந்த ஊர்க் காராக இருந்தாலும் சரி, பளபளவென்று பெட்டியைத் திறந்து காட்டுகிற கடைக்காரரிடம் பணம் கொடுப்பதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்.

‘ஷாக் புதுசு, சந்தோஷம். அது எதைப் பிடித்துக்கொண்டு தொங்கப்போகிறது?’